வைகைக் கரையில் ஒரு சிற்றூர்



வரலாறு என்ற சொல்லைக் கேட்ட அளவிலே நம் நெஞ்சில் முந்தி நிற்பவர் மன்னர்கள். அவர்கள் வென்ற போர்களையும், எடுத்த கோயில்களையும், வெட்டிய ஏரிகளையும் பாடநூல்களிலே படிக்கின்றோம். ஆனால், அம்மன்னர்களுக்கு வரி செலுத்தியவர் யாவர்? அவர்கள் எத்தகைய வீடுகளில் உறங்கினர்? அவர்தம் சிறுவர் மாலைப் பொழுதில் என்ன விளையாடினர்? இவ்வினாக்களுக்கு அரசர்தம் மெய்க்கீர்த்திகளில் விடை காண்டல் அரிது. விடை வேண்டுவோர் ஒரு சிற்றூரை நாடிச் செல்லல் வேண்டும்.

இங்கிலாந்து நாட்டில் ஆற்றங்கரைச் சிற்றூர் ஒன்றன் வரலாற்றை எழுதப் புகுவோர்க்கு ஒரு நல்வாய்ப்பு உண்டு. 1538ஆம் ஆண்டில், எட்டாம் ஹென்றி மன்னன் காலத்தில், ஒவ்வொரு கோயிற்பற்றிலும் ஞானமுழுக்கு, திருமணம், அடக்கம் ஆகிய மூன்றனையும் ஏட்டில் பதிந்து வைத்தல் வேண்டும் என்று ஆணை பிறந்தது. அவ்வேடுகள் எஞ்சியுள்ள ஊர்களில் உழவனுக்கும் கொல்லனுக்கும் பெயர் உண்டு, நாள் உண்டு. நம் ஊர்களிலோ அத்தகைய ஏடுகள் இல்லை. அங்ஙனமாயின், நம் முன்னோருள் எளியவர் பெயரின்றியே மறைந்தொழிந்தனரோ? அன்று என்று விடை கூறுகின்றது வைகைக் கரையிலுள்ள கீழடி.

மதுரை மாட்டுத்தாவணியை அறியாதார் இலர். இன்று பேருந்துகள் வந்து குவியும் அவ்விடம் ஒருகாலத்தில் மாட்டுச் சந்தை கூடிய இடம் என்பதை அதன் பெயரே சொல்லும். அங்கிருந்து சுற்றுச்சாலை வழியே தெற்கு நோக்கிச் சென்று, விரகனூரருகே வைகையைக் கடந்து, இராமநாதபுரம் சாலையில் கிழக்கே திரும்பினால் சிலைமான் வரும். அதனை அடுத்திருப்பது கீழடி. மதுரைக்குத் தென்கிழக்கே ஏறத்தாழ 12 கிலோமீட்டர்த் தொலைவில், சிவகங்கை மாவட்டத்துத் திருப்புவனம் வட்டத்தில் அமைந்த ஊர் அது. ஊரையடுத்துத் தென்னந்தோப்புகளுக்கு இடையே ஒரு மேட்டு நிலம் பரந்து கிடக்கின்றது. பள்ளிச்சந்தைத் திடல் என்பது அதன் பெயர். பரப்பு ஏறத்தாழ 110 ஏக்கர். வைகை இன்று அம்மேட்டிற்கு வடக்கே 2 கிலோமீட்டர் அளவில் ஓடுகின்றது.

இம்மேட்டின் சிறப்பினை முதலில் உணர்ந்தவர் பேரறிஞர் எவருமல்லர். அவ்வூர்ப் பள்ளி ஆசிரியர் ஒருவரே. 1970களில் நிலத்தைத் தோண்டியபொழுது வெளிப்பட்ட பழம்பொருள்களை அவர் எறிந்துவிடாது போற்றி வைத்துத் தொல்லியல் அறிந்தாரிடம் தெரிவித்தார். பின்னர், இந்தியத் தொல்லியல் துறையினர் வைகையின் இரு மருங்கும் நடந்து ஆராய்ந்து, பழமைச் சான்றுடைய இடங்கள் 293 எனக் கணக்கிட்டனர். அவற்றுள் கீழடியைத் தேர்ந்து, அமர்நாத் இராமகிருஷ்ணன் தலைமையில் 2014-15ஆம் ஆண்டில் அகழாய்வைத் தொடங்கினர். 2018 முதல் தமிழ்நாடு அரசின் தொல்லியல் துறை அப்பணியை மேற்கொண்டு தொடர்ந்தது. அந்நான்காம் கட்டத்தில் மட்டும் கிடைத்த பொருள்கள் 5,820.

அவற்றுள் பொன் அணிகலன்களும் சில உண்டு. எனினும், வரலாற்று மாணவனுக்கு அவற்றினும் அரியவை பிறவாகும். செங்கற்சுவர்கள் காணப்பட்டன. அவற்றின்மேல் கூரை வேய்ந்த ஓடுகளும் கிடைத்தன. மழைநீர் வழிந்தோட அவ்வோடுகளில் விரலால் பள்ளங்கள் இழுத்திருக்கின்றனர். மரச்சட்டத்தோடு கட்டுவதற்கு முனையில் துளைகள் இட்டிருக்கின்றனர். சுடுமண் வளையங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய உறைகிணறுகளும் இருந்தன. வைகை ஆண்டு முழுதும் நீர் பெருகும் ஆறன்று. ஆறு வற்றிய திங்களிலும் மணலுக்கடியில் நீர் உண்டு என்பதை அம்மக்கள் நன்கு அறிந்திருந்தனர் போலும்!

நூல் நூற்கும் தக்களிகளும், எலும்பாற் செய்த கூர்முனைக் கருவிகளும் நெசவுத் தொழிலைக் காட்டுகின்றன. அகேட், கார்னீலியன் முதலிய மணிகள் வடமேற்கு இந்தியப் பகுதிகளோடு இருந்த வாணிகத் தொடர்பை உணர்த்துகின்றன. விலங்கெலும்புகளைப் புனே நகரத்துத் தக்காணக் கல்லூரியினர் ஆராய்ந்தபொழுது, காளை, பசு, எருமை, ஆடு ஆகியவற்றின் எலும்புகள் மிகுதியாக இருக்கக் கண்டனர். மாட்டுத்தாவணியில் அண்மைக் காலம் வரை நாம் கண்ட கால்நடைச் செல்வம் வைகைக் கரைக்குப் புதிதன்று. தந்தத்தாற் செய்த பகடையும், ஆட்டக் காய்களும், உடைந்த பானையோட்டைத் தேய்த்து வட்டமாக்கிய சில்லுகளும் கிடைத்தன. வேலை முடிந்த நேரத்தில் ஆடியும் பாடியும் மகிழ்ந்த மக்கள் அவர்கள்.

இவையெல்லாவற்றினும் மேலாக, தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த பானையோடுகள் 56 அந்நான்காம் கட்டத்தில் கிடைத்தன. ஆதன், குவிரன் என்னும் பெயர்களை அவற்றில் படிக்கின்றோம். இவர்கள் அரசரோ புலவரோ என்று எவரும் கூறவில்லை. எழுத்துகள் பானையின் தோட்பகுதியில், பெரும்பாலும் சுட்ட பின்னர்க் கீறப்பட்டவை. கையெழுத்தும் ஓட்டுக்கு ஓடு வேறுபடுகின்றது. ஆகவே, குயவர் ஒருவரே எழுதியிருத்தல் இயலாது. பானைக்கு உரியவர் பலரும் தத்தம் கையாலேயே தம் பெயரை எழுதிக்கொண்டனர் என ஆய்வாளர் கருதுகின்றனர். நமக்குப் பிறப்பேடு இல்லை என்று வருந்தினோம் அல்லமோ? இதோ, சோறு பொங்கிய பானையே ஏடாகி நிற்கின்றது.

இனி, இதன் காலத்தை எங்ஙனம் அறிந்தனர்? 353 சென்டிமீட்டர் ஆழத்தில் எடுத்த கரித்துண்டு ஒன்றை அமெரிக்க நாட்டு ஆய்வுக்கூடம் ஒன்று சோதித்து, அது கி.மு. 580 அளவினது என்று கூறியது. காலக் கணிப்பைக் குறித்து அறிஞரிடையே விவாதங்களும் நிகழ்கின்றன. வளரும் ஆய்வுக்கு அஃது இயல்பே. நீவிர் இங்கே கருத்தில் இருத்த வேண்டுவது ஒன்றுண்டு. கரித்துண்டு தானே பேசாது. அது கிடந்த ஆழமும், அதனோடு கிடந்த ஓடுகளும் சேர்ந்தே பேசுகின்றன. கிடந்த இடத்தினின்று பெயர்த்தெடுத்துவிட்டால், பழம்பொருள் அழகுப்பொருளாக எஞ்சும்; சான்றாக எஞ்சாது. கிழிந்து பறந்த ஒரு தாளைக் கையில் வைத்துக்கொண்டு, அஃது எந்த நூலின் எத்தனையாவது பக்கம் என்று அறியமாட்டாதவன் நிலையே அப்பொழுது நம் நிலையாகும்.

கீழடி ஒன்றோடு இச்செய்தி முடிவதன்று. அருகே கொந்தகையில் முதுமக்கள் தாழிகள் புதைந்த இடுகாடு உள்ளது. அகரமும் மணலூரும் அகழ்ந்து ஆராயப்பட்டுள்ளன. எனினும், 293 இடங்களுள் மண்வெட்டி படாதவையே பெரும்பாலன. அவை உழுநிலங்களாகவும் தோப்புகளாகவும் ஊர்ப் பொதுவிடங்களாகவும் கிடக்கின்றன. செங்கலுக்கு மண் எடுப்போரும், மனை பிரிப்போரும், மணல் அள்ளுவோரும் ஒரு பகலிலே அழிக்கக்கூடிய நூல்கள் அவை. கீழடி உழவர்கள் தம் தோப்புகளில் குழியெடுக்க இசைந்திராவிடின், ஆதனையும் குவிரனையும் நாம் அறிந்திருக்க மாட்டோம். ஊரார் ஒத்துழையாத இடத்தில் எத்துறையாலும் ஒன்றும் இயலாது.

2023ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 5ஆம் நாள் கீழடியில் செட்டிநாட்டுப் பாணியில் அருங்காட்சியகம் ஒன்று திறக்கப்பெற்றது. விடுமுறை நாளில் சென்று காண்க. பொன்னைக் கண்ட பின், ஓட்டிலே கீறிய எழுத்தின்முன் சற்றே கூடுதலாக நிற்க. ஊர் திரும்பிய பின், உங்கள் ஊர்க் கண்மாய்க் கரையிலோ கிணற்று மண்ணிலோ கருப்பும் சிவப்புமான ஓடு ஒன்று தென்படுமாயின், அதனைத் தோண்டாதீர், இடத்தைக் குறித்துக்கொள்வீர், உங்கள் ஆசிரியருக்கும் கிராம நிர்வாக அலுவலருக்கும் தெரிவிப்பீர். அவ்வூர்ப் பள்ளியாசிரியர் அன்று செய்தது இவ்வளவே.