மாவுக்கு எத்தனை மூட்டை?

தஞ்சாவூர்ச் சீமையின் களத்துமேட்டில் நெல் அளக்கும்போது முதல் மரக்காலை 'ஒன்று' என்று எண்ணுவதில்லை. 'லாபம்' என்றுதான் தொடங்குவார்கள். அதன்பிறகுதான் இரண்டு, மூன்று என்று எண்ணிக்கை ஓடும். பன்னிரண்டு மரக்கால் சேர்ந்தால் ஒரு கலம். தூசி பறக்கும் களத்தில் அளக்கிறவர் உரக்கச் சொல்லிக்கொண்டே போக, ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து கலத்துக்கு ஒரு குறி போட்டுக்கொண்டே இருப்பார். எண்ணிக்கை தவறினால் சண்டை வரும் என்பதால் எல்லோரும் காது கொடுத்துக் கேட்பார்கள்.

அந்தக் கணக்கு எதற்காக? மிராசுதாருக்கு இவ்வளவு, குத்தகைக்காரருக்கு இவ்வளவு, அறுத்த ஆட்களுக்குக் கூலி இவ்வளவு, கோயிலுக்கு, சர்க்காருக்கு இவ்வளவு என்று பங்கு பிரிப்பதற்காக. வாய்க்காலுக்கு மேற்கே இருக்கும் வயல் கிழக்கே இருப்பதைவிட ஏன் குறைவாகக் கண்டது என்று கேட்பதற்காக அந்தக் கணக்கு எழுதப்படவில்லை. காவிரிப் படுகையின் ஆயிரம் வருஷத்து நெல் கணக்கில் பெரும்பகுதி இப்படிப்பட்டதுதான்.

கணக்கு வைப்பது வேறு. வைத்த கணக்கைத் திருப்பிப் பார்த்துத் தன் ஓட்டை எங்கே என்று கண்டுபிடிப்பது வேறு. இந்த இரண்டாவது வேலையை இன்று விடாப்பிடியாகச் செய்கிறவர்களில் இணையத்தில் போக்கர் சீட்டாட்டம் ஆடுகிறவர்களும் உண்டு. ஆடிய ஒவ்வொரு கையையும் பதிவுசெய்யும் மென்பொருள் 2000-களின் தொடக்கத்திலேயே வந்துவிட்டது. ஓர் இரவு தோற்றால் அது சீட்டின் குற்றமா, ஆடியவரின் குற்றமா என்று சொல்ல முடியாது. பல்லாயிரம் கைகளைச் சேர்த்துப் பார்த்தால்தான் அதிர்ஷ்டம் ஒரு பக்கம் ஒதுங்கி, ஆட்டத்தின் பலவீனம் தனியே தெரியும். நெல்லிலும் மழை, காற்று, பூச்சி எல்லாம் கலந்துதான் விளைச்சல் வருகிறது. ஆனால் விவசாயிக்குக் கிடைப்பது வருஷத்துக்கு இரண்டு போகம், மிஞ்சினால் மூன்று. முப்பது வருஷம் உழுதாலும் அவர் கையில் நூறு போகத்துக் கணக்குகூடச் சேராது. அதனால் ஒருவர் வயலை மட்டும் வைத்துக்கொண்டு மழையின் குற்றத்தையும் மண்ணின் குற்றத்தையும் பிரிக்க முடியாது. ஆயிரம் பேரின் வயலைச் சேர்த்துப் பார்த்தாக வேண்டும். அந்த வசதி இந்த மண்ணுக்கு எப்போது வந்தது, எப்படிப் போனது என்பதுதான் இங்கே சொல்ல வேண்டியது.

அளப்பதில் சோழர்களுக்கு இணையானவர்கள் அந்தக் காலத்தில் குறைவு. 1001-ஐ ஒட்டி முதலாம் இராசராசன் நாடு முழுவதும் நிலத்தை அளக்கச் செய்தான். அந்தப் பணியைச் செய்து முடித்தவருக்கு 'உலகளந்தான்' என்ற பட்டமே கிடைத்தது. 1086-இல் முதலாம் குலோத்துங்கன் மறுபடி அளந்தான். இங்கிலாந்தில் வில்லியம் மன்னன் தன் நாட்டு நிலங்களைக் கணக்கெடுத்த புகழ்பெற்ற டூம்ஸ்டே ஏடு உருவானதும் அதே வருஷத்தில்தான். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் இறைவனுக்கு விடப்பட்ட ஊர்களின் நிலம் வேலியில் தொடங்கி, மா, காணி, முந்திரிகை என்று கண்ணுக்குத் தெரியாத பின்னம்வரை இறங்குகிறது. ஊர்நத்தம், குளம், வாய்க்கால், சுடுகாடு, சேரிகள் எல்லாம் கழிக்கப்பட்டு, மிஞ்சிய விளைநிலம் எழுதப்படுகிறது. வர வேண்டிய நெல்லை எந்த மரக்காலால் அளப்பது என்பதுகூட வெட்டப்பட்டிருக்கிறது. அதன் பெயர் 'ஆடவல்லான்'. பல ஊர்களில் வேலிக்கு ஏறக்குறைய நூறு கலம் என்ற விகிதத்தில் கோயிலுக்கு நெல் வர வேண்டும்.

வேலி என்றால் 20 மா. இன்றைய கணக்கில் ஏறக்குறைய ஆறே முக்கால் ஏக்கர். இவ்வளவு நுணுக்கமாக நிலத்தை அளந்த கல்வெட்டில், அந்த நிலம் உண்மையில் எவ்வளவு விளைந்தது என்ற வரி கிடையாது. கொடுக்க வேண்டியது மட்டுமே கல்லில் ஏறியது.

1799-இல் தஞ்சாவூர் கிழக்கிந்தியக் கும்பெனியின் கைக்குப் போன பிறகும் இந்தப் போக்கு மாறவில்லை. அமானி முறையில் சர்க்கார் தன் பங்கை நெல்லாகவே களத்தில் பிரித்துக்கொண்டது. பிரிக்கும்வரை குவியலுக்குக் காவல் போட்டது. குறைத்துக் காட்டுவது குடிகளின் தற்காப்பு, கூட்டிக் காட்டுவது வசூலிக்கிறவரின் ஆதாயம். இரண்டு பக்கமும் பொய் சொல்லக் காரணம் இருக்கும் இடத்தில் உண்மையான விளைச்சல் யாருக்குத் தெரியும்?

பிறகு வந்த, குடிகளிடம் நேரடியாக வரி வாங்கிய ரயத்துவாரி நிர்வாகத்தில் கணக்குப்பிள்ளை சர்வே எண் வாரியாக அடங்கல் எழுதினார். எந்த நிலத்தில் என்ன பயிர், எந்த வாய்க்கால் பாசனம் என்பதெல்லாம் அதில் இருக்கும். விளைச்சல் மட்டும் பார்வை மதிப்பீடு. பதினாறு அணா என்றால் முழு விளைச்சல். வரப்பில் நின்று பார்த்துவிட்டு 'இந்தப் பசலி பன்னிரண்டு அணா' என்று எழுதுவார்கள். ஊரின் அணா தாலுகாவுக்குப் போகும், தாலுகாவின் அணா ஜில்லாவுக்குப் போகும், கடைசியில் மாகாணத்தின் நெல் உற்பத்தி இத்தனை டன் என்று அச்சாகும். அடியில் இருப்பது ஒருவரின் கண் மதிப்பு. அந்தக் கண் வரித் தள்ளுபடியையும் நினைத்துக்கொண்டுதான் பார்த்தது.

இதை முதலில் உலுக்கியது பீகார்-ஒரிசா பக்கம் வேலை பார்த்த ஜான் ஹப்பக் என்ற ஐ.சி.எஸ். அதிகாரி. 1920-களில் அவர் நெல் வயல்களைக் குலுக்கல் முறையில் தேர்ந்து, சிறு துண்டுகளை அறுத்து எடைபோட்டுப் பார்த்தார். எது நல்ல வயல் என்று அதிகாரி தேர்ந்தெடுக்கக் கூடாது, எண்களே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது அதன் உயிர்நாடி. வங்காளத்தில் புள்ளியியலாளர் மகலனோபிஸ் அதை வளர்த்தார். 1940-களில் புள்ளியியலாளர்கள் பி.வி. சுகாத்மேயும் வி.ஜி. பான்சேயும் அறுக்கும் துண்டு சிறிதாக இருந்தால் ஓரத்துக் கதிர்கள் உள்ளே வந்து விளைச்சல் கூடுதலாகத் தெரியும் என்று வாதிட்டுப் பெரிய துண்டை வற்புறுத்தினார்கள். 1943 வங்காளப் பஞ்சத்துக்குப் பின் நாட்டில் நெல் எவ்வளவு இருக்கிறது என்ற கேள்வி உயிர்ப் பிரச்சினையாகிவிட்டிருந்தது. இந்தப் பயிர் அறுவடைப் பரிசோதனை நாடெங்கும் பரவியது அந்தச் சூழலில்தான்.

பரிசோதனை நடக்கும் விதம் எளிது. குலுக்கல் எண்ணில் வந்த வயலின் தென்மேற்கு மூலையில் தொடங்கி, எண் சொல்லும் அடிகள் நீளவாக்கிலும் அகலவாக்கிலும் நடந்து ஒரு முளை அடிப்பார்கள். அதிலிருந்து ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் கயிறு கட்டி, உள்ளே இருக்கும் கதிரை மட்டும் அறுத்து, அடித்து, தூற்றி, எடைபோடுவார்கள். ஈரம் போகக் காயவைத்து எடையைத் திருத்துவதும் உண்டு. துண்டில் 10 கிலோ கிடைத்தால் ஹெக்டேருக்கு 4,000 கிலோ. ஏக்கருக்கு ஏறக்குறைய 1,620 கிலோ. டெல்டாக்காரர் பேச்சில் சொன்னால், 60 கிலோ மூட்டையில் மாவுக்கு ஒன்பது மூட்டை. கயிறு சற்றுத் தளர்ந்து எடையில் ஒரு கிலோ கூடினால் ஏக்கருக்கு 160 கிலோவுக்கு மேல் இல்லாத நெல் ஏட்டில் முளைத்துவிடும். அதனால் கயிறு பிடிக்கிறவரின் நேர்மை புள்ளிவிவரத்தின் முதல் விதி.

இந்தக் கருவி தஞ்சாவூர் விவசாயிக்கே பயன்பட்ட காலம் ஒன்று உண்டு. 1959-இல் ஃபோர்டு அறக்கட்டளையின் நிபுணர் குழு இந்தியாவின் உணவு நெருக்கடி பற்றி அறிக்கை கொடுத்தது. அதைத் தொடர்ந்து 1960-61-இல் தீவிர விவசாய மாவட்டத் திட்டம் ஏழு மாவட்டங்களில் வந்தது. தஞ்சாவூர், மேற்குக் கோதாவரி, லூதியானா, அலிகார், ஷாஹாபாத், ராய்ப்பூர், பாலி ஆகியவை அந்த ஏழு. 'பேக்கேஜ் திட்டம்' என்று ஊரில் பேர் வாங்கிய இந்த முயற்சியில், சேர்ந்த விவசாயி ஒவ்வொருவருக்கும் பண்ணைத் திட்டம் எழுதப்பட்டது. எவ்வளவு நிலம், என்ன விதை, எந்த உரம், கூட்டுறவுச் சங்கத்தில் எவ்வளவு கடன் என்பதெல்லாம் ஒரே தாளில் வந்தன. கூடவே அறுவடைப் பரிசோதனை. முதன்முறையாக விதையும் உரமும் தேதியும் ஒரு பக்கம், எடைபோட்ட விளைச்சல் இன்னொரு பக்கம் என்று எதிரெதிரே உட்கார்ந்தன.

எதிரெதிரே வைத்துப் பார்த்தால் ஓட்டைகள் தெரியும். உயரமாக வளரும் பழைய ரகங்களுக்கு உரத்தைக் கூட்டினால் கதிர் முற்றுவதற்குள் பயிர் சாய்ந்தது. குறுவை தாமதமானால் அறுவடை ஐப்பசி மழையில் மாட்டிக்கொண்டது. பின்னால் வரும் தாளடியும் பிந்தியது. பலவீனம் விவசாயியின் உழைப்பில் இல்லை, ரகத்தின் வயதிலும் தண்டின் உறுதியிலும் இருந்தது. 1922-இல் தொடங்கிய ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் இதற்குக் கொடுத்த பதில் ஏ.டி.டி. 27. ஜப்பானின் நோரின் 10-ஐ நம் ஜி.இ.பி. 24-உடன் சேர்த்து எடுத்த ரகம் அது. சுமார் 105 நாளில் அறுவடைக்கு வந்துவிடும். ஜூன் 12-இல் மேட்டூர் அணை திறந்தால் குறுவையை முடித்துத் தாளடிக்கு வயலை ஒதுக்கப் போதுமான அவகாசம். 1960-களின் நடுவில் அது டெல்டா முழுவதும் பரவிய வேகம், தன் குறை எங்கே என்று தெரிந்துகொண்ட விவசாயி எவ்வளவு சீக்கிரம் மாறுவார் என்பதற்குச் சாட்சி.

ஆனால் சராசரிக்கு ஒரு கொடிய குணம் உண்டு. கும்பகோணம், பாபநாசம் பக்கத்துத் தலைப்பகுதியும், உப்பும் வடிகால் கோளாறும் வாட்டும் திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம் கடைமடையும் சேர்ந்து 'மாவட்ட சராசரி' ஆகும்போது கடைமடையின் துயரம் மறைந்துபோகும். விளைந்தது யார் வீட்டுக்குப் போனது என்ற கேள்விக்கோ அந்தப் பட்டியலில் இடமே இல்லை. விளைச்சல் ஏறிய அதே ஆண்டுகளில் கீழத்தஞ்சையில் அறுவடைக் கூலியாகக் கொஞ்சம் நெல் கூட்டிக் கேட்டவர்களின் போராட்டம் நடந்தது. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். எவ்வளவு விளைகிறது என்று துல்லியமாக அளக்கத் தெரிந்த மாவட்டம், அறுத்தவர் கையில் எத்தனை படி சேர்ந்தது என்பதை அதே அக்கறையோடு அளந்திருக்க வேண்டும். அளக்காதது பெருங்குற்றம்.

இந்தக் கேள்வியை அதற்கும் அரை நூற்றாண்டு முன்பே ஒருவர் தொட்டிருந்தார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் தன் மாணவர்களைச் சொந்த ஊர்களுக்கு அனுப்பிக் கணக்கெடுக்க வைத்தார். 1918-இல் அது நூலாக வந்தது. அதில் தஞ்சாவூர் ஜில்லாவின் பாலக்குறிச்சியும் ஒன்று. பின்வந்த ஆய்வாளர்கள் அதே ஊருக்குத் திரும்பிப் போய் மறுபடி கணக்கெடுத்தார்கள். ஒரே ஊரைத் தலைமுறை தாண்டித் தொடர்ந்து பார்த்த இப்படிப்பட்ட வேலை இன்னும் நூறு ஊர்களில் நடந்திருக்கலாம்.

1980-இல் பரம்பரைக் கணக்குப்பிள்ளை, கிராம முன்சீப் பதவிகள் ஒழிந்து கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தார்கள். அறுவடைப் பரிசோதனை நின்றுவிடவில்லை. 2016-இல் பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டம் வந்தபின் அதன் எடை பல மடங்கு கூடிவிட்டது. முந்தைய ஏழு ஆண்டுகளில் சிறந்த ஐந்தின் சராசரியை வைத்து உத்தரவாத விளைச்சல் கணக்கிடப்படுகிறது. இந்த ஆண்டுப் பரிசோதனையில் அதைவிடக் குறைந்தால் இழப்பீடு. நெல் போன்ற முக்கியப் பயிருக்கு வருவாய்க் கிராமம் ஒன்றுக்குக் குறைந்தது நான்கு பரிசோதனை. நான்கு துண்டு, ஒவ்வொன்றும் 25 சதுர மீட்டர், ஆக நூறு சதுர மீட்டர் நெல் ஓர் ஊரின் பணத்தைத் தீர்மானிக்கிறது. கணக்கு மறுபடி 'கொடுக்க வேண்டியது எவ்வளவு' என்பதற்கு மட்டுமே சுருங்கிவிட்டது. அந்த நான்கு வயலில் என்ன ரகம், எப்போது நட்டது, எங்கே தண்ணீர் தேங்கியது என்ற விவரம் ஊருக்குப் பாடமாகத் திரும்பி வர வேண்டும்.

டெல்டா விவசாயிகள் இரண்டு காரியம் செய்யலாம். உங்கள் ஊரில் அறுவடைப் பரிசோதனை நடக்கும் நாளைக் கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு வயலில் போய் நில்லுங்கள். கயிற்றையும் தராசையும் பாருங்கள், எடையை எழுதிக்கொள்ளுங்கள். வீட்டில் ஒரு நோட்டுப் போட்டு ஒவ்வொரு வயலுக்கும் ரகம், நட்ட தேதி, உரம், கண்ட மூட்டை ஆகியவற்றைப் போகம்தோறும் எழுதி, பக்கத்து வயல்காரரின் நோட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வேளாண்மைத் துறை தன் பங்குக்குப் பரிசோதனை முடிவுகளை ஊர் வாரியாக, ரகமும் நடவுத் தேதியும் சேர்த்து, ஒவ்வொரு ஊராட்சி அலுவலகச் சுவரிலும் ஒட்ட வேண்டும். அந்த எண்கள் விளைவித்தவருக்குச் சொந்தமானவை.