ஐகானும் ஆக்சென்ட்டும்: சென்னையின் இரு வாசல்களில் பிறந்த போட்டி

1999ஆம் ஆண்டு தீபாவளியை ஒட்டி, ஒரு மாத இடைவெளிக்குள் இரண்டு கார்கள் விற்பனைக்கு வந்தன. அக்டோபரில் ஹூண்டாய் ஆக்சென்ட், நவம்பரில் ஃபோர்டு ஐகான். முதலாவது பெங்களூர் நெடுஞ்சாலையில் இருங்காட்டுக்கோட்டையில் தயாரானது, இரண்டாவது ஜி.எஸ்.டி. சாலையில் மறைமலைநகரில். இரண்டுமே தனி டிக்கி வைத்த, நடுத்தரக் குடும்பம் எட்டிப் பிடிக்கக்கூடிய செடான்கள். விலையிலும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு நின்றன. ஒன்றைப் பார்க்கப் போனவர் மற்றதையும் ஓட்டிப் பார்க்காமல் முன்பணம் கட்டியதில்லை.

நான் தாம்பரத்தில் பட்டறை வைத்திருப்பவன். ஒரு பக்கம் மறைமலைநகர், இன்னொரு பக்கம் இருங்காட்டுக்கோட்டை என்று இரண்டு ஆலை வண்டிகளும் என் வாசலுக்கு வந்திருக்கின்றன. இன்றைக்கும் கார் வாங்கப் போகிறவர்கள் இரண்டு பெயரைச் சொல்லி, "எது நல்ல வண்டி?" என்று கேட்கிறார்கள். பெயர்கள்தான் மாறியிருக்கின்றன: டிசையரா அமேஸா, ஆராவா டிகோரா. அவர்களுக்கு நான் சொல்கிற பதில் முழுக்க அந்தப் பழைய போட்டியிலிருந்து கற்றதுதான். ஆகவே அந்த வரலாற்றை எழுதிவைப்பது என் கடமை என்று நினைக்கிறேன்.

கார் தொழில் இந்த மண்ணுக்குப் புதிதல்ல. வண்டலூர் பக்கம் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 1961இலிருந்து ஹெரால்டு கார்களைச் செய்துவந்தது. எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த மேஸ்திரி அந்த ஆலையில் வேலை பார்த்தவர். 1985இல் அவர்கள் கொண்டுவந்த 'ஸ்டாண்டர்டு 2000' விலைபோகவில்லை. சில ஆண்டுகளில் ஆலையே மூடப்பட்டது. கார் ஆலை போனாலும் உதிரிபாகத் தொழில் போகவில்லை. பாடியில் லூகாஸ் டி.வி.எஸ்., பிரேக்ஸ் இந்தியா, வீல்ஸ் இந்தியா என்று நிறுவனங்கள் இருந்தன. ஸ்டார்ட்டர் மோட்டாரிலிருந்து சக்கர வட்டு வரை இங்கேயே கிடைக்கிற ஊர், பக்கத்திலேயே துறைமுகம். 1990களில் வெளிநாட்டுக் கார் கம்பெனிகள் இடம் தேடியபோது சென்னை அவர்கள் கண்ணில் பட்டதற்கு இதுதான் காரணம்.

முதலில் பேச்சுவார்த்தை முடித்தது ஃபோர்டு. மகிந்திராவோடு கூட்டுச் சேர்ந்து, ஜெயலலிதா முதல்வராக இருந்த காலத்தில் மறைமலைநகரைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆனால் அவர்களுடைய முதல் காரான எஸ்கார்ட் 1996இல் நாசிக்கிலிருந்து வந்தது. ஐரோப்பாவில் பழசாகிப்போன அந்த மாடலை இங்கே பெரிதாக யாரும் கொண்டாடவில்லை. ஹூண்டாய் பின்னால் வந்தது. ஆனால் வேகமாக வந்தது. 1996 டிசம்பரில் கருணாநிதி ஆட்சியில் அடிக்கல் நாட்டி, இரண்டு ஆண்டு முடிவதற்குள், 1998 செப்டம்பரில், சான்ட்ரோவை வெளியே விட்டார்கள். அந்தச் சின்னக் காரின் வெற்றியால் ஊருக்கு ஊர் டீலரும் சர்வீஸ் சென்டரும் முளைத்தன. ஓராண்டு கழித்து ஆக்சென்ட் வந்தபோது அதற்கு வேண்டிய பாதை ஏற்கெனவே போட்டாகிவிட்டது. இந்த முன்னேற்பாடு பின்னால் நடந்த எல்லாவற்றையும் தீர்மானித்தது.

இனி வண்டிகளுக்கு வருகிறேன். ஐகான், ஃபியஸ்டா ஹேட்ச்பேக்கின் அடித்தளத்தில் இந்தியாவை மனதில் வைத்து உருவாக்கிய செடான். இங்கிருந்து தென்னாப்பிரிக்காவுக்கும் மெக்சிகோவுக்கும்கூடப் போனது. 'ஜோஷ் மெஷின்' என்று விளம்பரம் செய்தார்கள், 1.6 லிட்டர் ரோகேம் எஞ்சின் வைத்த வண்டிக்கு அந்தப் பட்டம் தகும். பிரேசிலிலும் தென்னாப்பிரிக்காவிலும் ஃபோர்டு செய்த அந்த எஞ்சின் 90 குதிரைத் திறனுக்குச் சற்று மேல் கொடுத்தது. அதைவிட முக்கியம், இழுவை கீழேயே கிடைத்தது. இரண்டாவது கியரில் ஒரு மிதி மிதித்தால் லாரியைத் தாண்டி முன்னால் நிற்கும். ஸ்டியரிங் கையோடு பேசும். திண்டிவனம் சாலையில் நூறைத் தாண்டியும் வண்டி தரையைக் கவ்விக்கொண்டு போகும். 1.3 லிட்டர் பழைய எஞ்சின் வைத்த ஐகானுக்கு இந்தப் பெருமை கிடையாது, குடும்பத்தோடு ஏ.சி. போட்டு மேம்பாலம் ஏறினால் அது திணறும். பிறகு 1.3க்கும் ரோகேம் எஞ்சின் வந்தபோது அந்தக் குறை ஓரளவு தீர்ந்தது.

ஆக்சென்ட் வேறு குணம். 1.5 லிட்டர், 12 வால்வு, 94 குதிரைத் திறன். காகிதத்தில் ஐகானுக்குச் சமம். ஓட்டும்போதோ சாதுவான வண்டி. கிளட்ச் மெத்தென்று இருக்கும், கியர் வெண்ணெயாக விழும், எஞ்சின் ஓடுகிறதா என்று காதைக் கொடுத்துக் கேட்க வேண்டும். சஸ்பென்ஷன் மிருது, ஊருக்குள் பள்ளம் மேடு தெரியாது, வேகமாக வளைவில் திருப்பினால் உடம்பு சாயும். கொரியாவில் அந்த மாடல் வெளியானதும் அதே 1999இல்தான். அங்கே புதிதாக வந்ததை அதே ஆண்டில் இங்கேயும் கொடுத்தார்கள். வெளிநாட்டில் ஓய்ந்துபோன மாடலை இந்தியாவுக்குத் தள்ளிவிடும் வழக்கம் இருந்த காலத்தில் அது பெரிய மரியாதை.

எங்கள் தொழிலுக்கும் இந்த இரண்டு வண்டிகளின் வருகை திருப்புமுனை. அதுவரை கார்புரேட்டரை ஸ்க்ரூடிரைவரால் திருகி, காதால் கேட்டு டியூன் செய்தவர்கள் நாங்கள். 2000 பிப்ரவரிக்குள் ஈயம் கலந்த பெட்ரோல் நாடு முழுக்க நிறுத்தப்பட்டது. யூரோ விதிகள் வந்தன, புகைக்குழாயில் கேட்டலிடிக் கன்வர்ட்டர் ஏறியது, பெட்ரோலை இன்ஜெக்டர் தெளித்தது, கம்ப்யூட்டர் அளவு பார்த்தது. ஐகானும் ஆக்சென்ட்டும் என்னைப் போன்ற பட்டறைக்காரர்களை ஸ்கேனர் வாங்க வைத்தன; வயரிங் படம் படிக்க வைத்தன. அந்தப் படிப்பு இன்றுவரை சோறு போடுகிறது.

இரண்டு வண்டியின் குணத்தையும் ஒரே இடத்தில் காட்டச் சொன்னால் எஞ்சினின் பக்கவாட்டைத் திறந்துகாட்டுவேன். ஆக்சென்ட்டில் கேம் ஷாஃப்டைச் சுழற்றுவது ரப்பர் டைமிங் பெல்ட். அதை மாற்ற வேண்டுமென்றால் முன்பக்க வலது சக்கரத்தைக் கழற்றி, ஆல்டர்னேட்டர், ஏ.சி., பவர் ஸ்டியரிங் பெல்ட்டுகளை எடுத்து, கிராங்க் புல்லியை இறக்கி, மேல் கவர், கீழ்க் கவர் இரண்டையும் பிரிக்க வேண்டும். கேம் கியரிலும் கிராங்க் கியரிலும் உள்ள குறிகள் நேருக்கு நேர் நிற்கும்படி வைத்து, புது பெல்ட்டை மாட்டி, டென்ஷனர் பேரிங்கையும் சேர்த்து மாற்றி, ஸ்பேனரால் கையாலேயே இரண்டு சுற்றுச் சுற்றிக் குறி மறுபடி சேர்கிறதா என்று பார்த்த பிறகுதான் சாவி போட வேண்டும். ஒரு பல் தள்ளி மாட்டினாலும் வண்டி நடுங்கும். உரிய காலத்தில் மாற்றாமல் விட்டு ஓடும்போது பெல்ட் அறுந்தால், மேலே ஏறும் பிஸ்டன் திறந்து நிற்கும் வால்வை இடித்து வளைத்துவிடும். அப்புறம் ஹெட்டை இறக்க வேண்டும். ரோகேம் எஞ்சினில் பெல்ட் இல்லை, சங்கிலி. ஆயில் ஒழுங்காக மாற்றினால் அந்தப் பக்கம் கை வைக்கவே வேண்டாம். ஆக, எஞ்சின் அமைப்பில் ஐகான் உறுதி. ஆக்சென்ட் கவனிப்பைக் கேட்கிற வண்டி.

அப்படியானால் ஐகான்தானே ஜெயித்திருக்க வேண்டும்? அங்கேதான் கதை திரும்புகிறது.

அந்த நாட்களில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் இரண்டு வண்டிகளின் விளம்பரத் தாளையும் எடுத்துக்கொண்டு பட்டறைக்கு வந்தார். "தம்பி, ஓட்டுறதுக்கு ஐகான் பிரமாதமா இருக்கு. ஆனா என் வீட்டுக்காரம்மா பின் சீட்டுல உட்கார்ந்து பார்த்துட்டு ஆக்சென்ட்தான்னு சொல்றாங்க. நீங்க என்ன சொல்றீங்க?" என்று கேட்டார். "சார், வண்டியை யார் ஓட்டப் போறது?" என்றேன். டிரைவர் வைக்கப் போவதாகச் சொன்னார். "அப்ப அம்மா சொல்றதுதான் சரி" என்றேன். கார் வாங்கும் தீர்மானம் பின் சீட்டில் எடுக்கப்பட்ட காலம் அது. ஓட்டுகிற சுகத்துக்காகக் கூடுதலாகப் பெட்ரோல் செலவு செய்ய இளைஞர்கள் தயாராக இருந்தார்கள். குடும்பத் தலைவர்கள் தயாராக இல்லை. நகரத்துக்குள் 1.6 ஐகான் லிட்டருக்கு 10 கிலோமீட்டர் கொடுத்தாலே பெரிது.

2002இல் ஹூண்டாய் இன்னொரு அடி எடுத்து வைத்தது. ஆக்சென்ட்டில் 1.5 லிட்டர் சி.ஆர்.டி.ஐ. டீசல் எஞ்சின்; மூன்றே சிலிண்டர், 82 குதிரைத் திறன். காமன் ரெயில் என்ற தொழில்நுட்பத்தை இந்த விலைப் பிரிவில் முதலில் அறிமுகப்படுத்தியது அதுதான். ஐகானின் 1.8 டீசல் பழைய முறை எஞ்சின். மைலேஜும் உழைப்பும் உண்டு, ஆனால் சத்தம் போடும், சக்தி குறைவு. ஃபோர்டு 2008இல் 1.4 டி.டி.சி.ஐ. எஞ்சினை ஐகானில் வைத்தது. நல்ல எஞ்சின்தான், ஆறு ஆண்டு தாமதம். அதற்குள் டிராவல்ஸ்காரர்களும் தினமும் வெகுதூரம் ஓட்டுகிறவர்களும் ஆக்சென்ட் பக்கம் போய்விட்டார்கள்.

எல்லாவற்றையும்விட ஆழமாக வேலை செய்தது ஸ்பேர் விஷயம். "ஃபோர்டு வண்டிக்குச் செலவு அதிகம்" என்ற பேச்சு ஊரெல்லாம் இருந்தது. சின்னப் பாகம் ஒன்று போனாலும் அது சேர்ந்த முழுத் தொகுப்பையே வாங்க வேண்டியிருந்தது அதற்கு ஒரு காரணம். 2010இல் ஃபிகோவைக் கொண்டுவந்தபோது ஃபோர்டு பாகங்களைப் பிரித்து விற்க ஆரம்பித்து, அதையே விளம்பரமும் செய்தது. நல்ல திருத்தம். ஆனால் ஐகான் காலத்தில் பதிந்த பேச்சு அழியவில்லை. ஹூண்டாய்க்கு அந்தச் சிக்கல் குறைவு. கொரிய உதிரிபாகக் கம்பெனிகள் அதன் பின்னாலேயே வந்து ஸ்ரீபெரும்புதூரைச் சுற்றி ஆலை போட்டன. ஒரிஜினல் கம்பெனி டப்பாவில் கிடைத்தது. அதே தரத்தில் வெளிச்சந்தைச் சரக்கு ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் கிடைத்தது. அதுவும் கட்டுப்படியாகாதவருக்குப் புதுப்பேட்டையின் பழைய சாமான் கடைகள் இருந்தன.

போட்டியின் களத்தையே மாற்றியது 2006 பட்ஜெட். நிதியமைச்சர் ப. சிதம்பரம், 4 மீட்டர் நீளத்துக்குள், பெட்ரோல் என்றால் 1,200 சி.சி., டீசல் என்றால் 1,500 சி.சி. வரையுள்ள சிறிய கார்களுக்குக் கலால் வரியை 24 சதவீதத்திலிருந்து 16 சதவீதமாகக் குறைத்தார். ஐகானும் ஆக்சென்ட்டும் 4 மீட்டரைத் தாண்டியவை. 2008இல் டாடா இண்டிகோ சி.எஸ்., 2012இல் சுருக்கப்பட்ட டிசையர் என்று டிக்கியை வெட்டிக் குட்டையாக்கிய செடான்கள் வரிசைகட்டின. ஐகான் 2011இலும் ஆக்சென்ட் 2013இலும் விடைபெற்றன. அவற்றின் வாரிசுகள் மறுபடி மோதின: 2014இல் ஹூண்டாய் எக்ஸென்ட், 2015இல் ஃபோர்டு ஃபிகோ ஆஸ்பயர். இந்த முறை ஃபோர்டின் வண்டி மறைமலைநகரில் தயாராகவில்லை. குஜராத்தின் சனந்தில் தயாரானது.

2021 செப்டம்பரில் ஃபோர்டு இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. பத்தாண்டுகளில் 200 கோடி டாலருக்கு மேல் நட்டம் என்றார்கள். 2022இல் மறைமலைநகரில் கடைசிக் கார் வெளியே வந்தது. அந்த ஆலையை நம்பி வீட்டுக்கடன் வாங்கிய தொழிலாளிகள், சுற்றியிருந்த சின்னச் சின்ன லேத் பட்டறைகள், மெஸ்கள் எல்லாம் பட்ட பாட்டை ஜி.எஸ்.டி. சாலையில் இருப்பவர்கள் அறிவார்கள். ஏற்றுமதிக்காக ஆலையை மறுபடி திறக்கும் விருப்பத்தை ஃபோர்டு 2024இல் தெரிவித்தது. அது நடக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். இருங்காட்டுக்கோட்டையிலோ இரண்டாவது ஆலையும் சேர்ந்து உற்பத்தி தொடர்கிறது.

இரண்டுக்கும் நான் தருகிற தீர்ப்பு இது. ஓட்டுகிறவருக்கு ஐகான் சிறந்த வண்டி. வைத்திருப்பவருக்கு ஆக்சென்ட் சிறந்த வண்டி. சந்தை இரண்டாவதைத்தான் தேர்ந்தெடுத்தது, அதில் நியாயமும் இருந்தது. ஐகானிடம் குறைந்தது எஞ்சினோ இரும்போ அல்ல. ஊர்தோறும் கடை, மலிவான பாகம், வேளைக்கு வந்த டீசல் ஆகிய மூன்றும்தான்.

ஆகவே இரண்டு செடான்களுக்கு நடுவே நிற்கிறவர்களுக்குச் சொல்கிறேன். ஷோரூமில் முன்பணம் கட்டுவதற்கு முன் ஒரு காலைப்பொழுதை ஒதுக்கி, உங்கள் ஊர் ஸ்பேர் கடைக்குப் போங்கள். ஹெட்லைட், முன் பம்பர், கிளட்ச் செட், லோயர் ஆர்ம், ஏ.சி. கம்ப்ரசர் ஆகிய ஐந்துக்கும் இரண்டு வண்டியின் விலையையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எது கடையில் இருக்கிறது, எது ஆர்டர் போட்டு வர வேண்டும் என்றும் கேளுங்கள். பிறகு வீட்டாரைப் பின் சீட்டில் உட்காரவைத்து, நீங்கள் தினமும் போகிற சாலையிலேயே இரண்டையும் ஓட்டிப் பாருங்கள். அதற்கப்புறம் விளம்பரத் தாளைப் பிரித்தால் போதும்.