கரையேறியவர்களின் மருத்துவமனை: போர்ட் லூயிஸும் மண்டபமும்

திருவண்ணாமலையைச் சூழ்ந்த ஆர்க்காட்டு மாவட்டங்களிலிருந்து 19ஆம் நூற்றாண்டில் கடல் கடந்தவர்களில் ஒரு பகுதியினர் மொரீஷியஸ் கரும்புத் தோட்டங்களுக்குப் போனார்கள். அவர்களை ஏற்றிய கப்பல்கள் சென்னையிலிருந்து புறப்பட்டன. இறங்கிய இடம் போர்ட் லூயிஸ் துறைமுகத்திலிருந்த குடியேற்றக் கிடங்கு. இன்று அதன் பெயர் ஆப்ரவாசி காட். அங்கே மிஞ்சியிருக்கும் மருத்துவமனைச் சுவர்கள் எப்படி வழிகாட்டியுடன் சென்று பார்க்கும் நினைவிடமாயின என்பதே இக்கட்டுரையின் பொருள்.

அடிமைமுறை ஒழிப்புச் சட்டம் 1833இல் நிறைவேறியதும் தோட்ட முதலாளிகள் இந்தியாவின் பக்கம் திரும்பினர். 1834 நவம்பர் 2 அன்று 'அட்லஸ்' கப்பலில் 36 பேர் வந்திறங்கினர். 1849இல் கிடங்கு அமைந்தது. 1920 வரை ஏறத்தாழ ஐந்து லட்சம் ஒப்பந்தக் கூலிகள் மொரீஷியஸுக்கு வந்து சேர்ந்தனர்.

கிடங்கின் வளர்ச்சியில் நோய்க்குப் பெரும் பங்கு உண்டு. 1850களில் காலரா தீவை உலுக்கியது. 1856இல் கல்கத்தாவிலிருந்து வந்த கப்பல்களின் பயணிகளைப் போர்ட் லூயிஸுக்குள் விடாமல், போதிய ஏற்பாடு எதுவுமில்லாத கேப்ரியல் என்னும் சிறுதீவில் இறக்கினார்கள். நூற்றுக்கணக்கானோர் அங்கேயே மாண்டனர். சேதி இந்தியாவை எட்டியதும் அரசு மொரீஷியஸுக்கு ஆள் அனுப்புவதைச் சிறிது காலம் நிறுத்தி வைத்தது. ஆள் வரவு நின்றால் கரும்பு விளைச்சலும் நின்றுவிடும். அடுத்த பத்தாண்டுகளில் கிடங்கு விரிவடைந்து, 1866க்குள் தங்குமிடமும் சிகிச்சைக்கான அறைகளும் முழுமை பெற்றதற்கு இந்தக் கணக்கு முக்கியக் காரணம் என்பது என் கணிப்பு. கருணை அதில் இருந்திருக்கலாம். ஆனால் உழைக்கத் தகுந்த உடல் தோட்டத்துக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதே நிர்வாகத்தின் முதல் கவலை.

கூலி வரவு நின்றபின் கிடங்கு வேறு வேறு பயன்களுக்குப் போய்ச் சிதைந்தது. நெடுஞ்சாலையும் அதன் ஒரு பகுதியை விழுங்கியது. இன்று எஞ்சிய நிலம் 1,640 சதுர மீட்டர். 1860களில் எழுந்த மூன்று கல் கட்டடங்களின் பகுதிகளே அதில் நிற்கின்றன. 1987இல் தேசிய நினைவுச் சின்னமாகவும், 2006இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாகவும் அறிவிக்கப்பட்டது. 2014இல் பீக்ரம்சிங் ராம்லாலா விளக்க மையம் திறக்கப்பட்டது.

அதே 2014இல் நியூயார்க்கின் எல்லிஸ் தீவிலும், 1954இல் குடியேற்ற நிலையம் மூடப்பட்டபின் பாழடைந்து கிடந்த மருத்துவமனைக்குள், தலைக்கவசம் அணிவித்துப் பார்வையாளர்களை அழைத்துச் செல்லத் தொடங்கினார்கள். அங்கே பெயர்ந்த சுவர்களைப் புதுப்பிக்காமல், மேலும் இடியாதபடி மட்டும் தாங்கிப் பிடித்திருக்கிறார்கள். போர்ட் லூயிஸில் ஆண்டுதோறும் நவம்பர் 2 அன்று மரியாதை பெறுவது, முன்னோர் கால்வைத்த கற்படிகள். அது நியாயமே. ஆயினும் மருத்துவமனைப் பகுதிதான் வரலாற்றை அதிகம் சொல்கிறது என்பேன். படிகள் வருகையைச் சொல்கின்றன. வந்தவர்களை அரசு எப்படிப் பார்த்தது என்பதை இந்தச் சுவர்கள் சொல்கின்றன. மோக்காவிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனம் காக்கும் குடியேற்றப் பதிவேடுகளோடு சேர்த்துப் பார்த்தால் இது இன்னும் விளங்கும். அவற்றில் பெயர், தந்தை பெயர், சாதி, ஊர், உயரம் என ஒவ்வொருவரும் வரிசையாகப் பதியப்பட்டுள்ளனர். முன்னோரின் ஊரைத் தேடித் தமிழகம் வரும் மொரீஷியஸ் தமிழர்களுக்கு அந்தப் பதிவுகளே துணை.

நம் கரையில் இதற்கு நெருங்கிய இடம் மண்டபம். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போனவர்களை இலங்கை அரசே அங்கு முகாம் நடத்தி, மருத்துவச் சோதனை செய்து, நோய்த்தடுப்புக் காவலில் வைத்துப் பின்பு கப்பலேற்றியது. 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்கீழ் 5,25,000 பேரை இந்தியா ஏற்க ஒப்புக்கொண்டபோது, திரும்பி வந்தோரை வரவேற்றதும் மண்டபமே. 1983க்குப் பின் இலங்கைப் போருக்குத் தப்பி வந்தவர்களும் அங்கே தங்கினார்கள். அனுப்பிய இடமே திரும்பப் பெற்ற இடமானது போர்ட் லூயிஸுக்கும் எல்லிஸுக்கும் இல்லாத வரலாறு.

மண்டபம் முகாமில் இன்னும் மக்கள் வாழ்கிறார்கள். ஆகவே அதைக் காட்சியிடமாக்கும்முன் அவர்களுக்கு உரிய வீடும் குடியுரிமையும் கிடைக்க வேண்டும். முகாமின் பழைய கட்டடங்களை அளந்து, படமெடுத்து, அங்கு தங்கியிருந்த முதியவர்களின் வாய்மொழியைப் பதிவுசெய்யும் வேலையைத் தொல்லியல் துறையும் பல்கலைக்கழகங்களும் இப்போதே தொடங்க வேண்டும்.