பெயர் போடாத பாட்டுப் புத்தகம்

டிசம்பர் பிறந்துவிட்டால், நாம் தில்லியில் இருந்தாலும் சரி, மும்பையில் இருந்தாலும் சரி, கடைவீதியில் ஒரு பாட்டு காதில் விழும்: ‘ஜாய் டு த வேர்ல்டு’. சொற்கள் ஐசக் வாட்ஸ் 1719இல் வெளியிட்டவை. இன்று உலகம் பாடும் வடிவில் அதன் மெட்டைச் சீர்ப்படுத்தி 1830களில் அச்சேற்றியவர் அமெரிக்கர் லோவல் மேசன். அவர் அதை ஹாண்டலின் மெட்டு என்றே குறித்தார். அதற்குச் சில ஆண்டுகள் முன்பே இங்கிலாந்தில் அது போன்ற வடிவம் இருந்தது என்று பின்னாளில் ஆய்வாளர்கள் கண்டனர். தன் முதல் புத்தகத்திலேயே பெயர் போட்டுக்கொள்ளாத மனிதர் அவர்.

1792 ஜனவரி 8ஆம் தேதி, மாசசூசெட்ஸ் மாநிலத்து மெட்ஃபீல்டு என்ற சிற்றூரில் பிறந்தார். இருபது வயதில் பிழைப்பு தேடித் தெற்கே ஜார்ஜியா மாநிலத்துச் சவான்னா நகருக்குப் போனார். ஊர் விட்டு ஊர் போன கதைதான், நமக்குப் புதிதா என்ன! அங்கே வங்கியில் குமாஸ்தா வேலை. ஞாயிறானால் சர்ச்சில் ஆர்கன் வாசிப்பு, பாடகர் குழு. ஏபல் என்ற ஜெர்மானியரிடம் சுரச்சேர்க்கை இலக்கணத்தை முறையாகக் கற்றார்.

அந்த நாளில் ஒரு பெண்மணி ஒரு கவிதையைக் கொடுத்து மெட்டமைக்கச் சொல்ல, அரை மணி நேரத்தில் முடித்துக் கொடுத்தாராம். அந்தக் கவிதையை எழுதியவர் ரெஜினால்ட் ஹீபர். பிற்பாடு கல்கத்தா பிஷப்பாகி, 1826இல் நம்ம திருச்சியில் காலமானாரே, அவரேதான். இலங்கையையும் விக்கிரக வழிபாட்டையும் பற்றி அதில் வரும் வரிகள் நமக்கு உவப்பானவை அல்ல. மெட்டு மட்டும் உலகம் சுற்றியது.

ஹேடன், மொசார்ட் போன்றோரின் இசையிலிருந்து ஆராதனைக்கேற்ற மெட்டுகளை எடுத்து மேசன் ஒரு தொகுப்புச் செய்தார். பதிப்பாளர்கள் கைவிரித்தனர். கடைசியில் பாஸ்டனின் ‘ஹாண்டல் அண்ட் ஹேடன் சொசைட்டி’ 1822இல் தன் பெயரில் வெளியிட்டது. தொகுத்தவர் பெயர் அட்டையில் இல்லை. காரணம் அவரே பின்னாளில் சொன்னதுதான்: நான் வங்கி அதிகாரி, பாட்டுக்காரன் என்று பெயர் வாங்க எண்ணமில்லை. ஆபீஸில் ஒரு முகம், சாயங்காலம் இன்னொரு முகம் என்று வாழ்கிற நம்மவர்கள் பலருக்கு இது புரியும். புத்தகமோ பல பதிப்புகள் கண்டது.

1827இல் பாஸ்டன் திரும்பினார். எல்லாக் குழந்தைகளாலும் பாட முடியும், இது பிறவி வரமில்லை, கற்றுக்கொடுத்தால் வரும் என்பது அவர் கொள்கை. அதை நிரூபிக்க ஒரு பள்ளியில் சம்பளமே வாங்காமல் பாட்டுச் சொல்லிக்கொடுத்தார். 1838இல் பாஸ்டன் பொதுப்பள்ளிகளில் இசை பாடமானது. ஆசிரியர்களுக்கும் வகுப்புகள் நடத்தினார். பயின்று போனவர்கள் வழியே அவர் புத்தகங்களும் ஊர் ஊராகப் போயின. 1841இல் வந்த ‘கார்மினா சாக்ரா’ லட்சக்கணக்கில் விற்றது. நல்ல வியாபாரிதான்!

ஆனால் இதற்கு ஒரு விலையும் இருந்தது. மேசனுக்கு முந்திய தலைமுறையில், பாஸ்டனில் தோல் பதனிட்டுப் பிழைத்த வில்லியம் பில்லிங்ஸ் போன்றோர் சொந்தமாக, கொஞ்சம் முரட்டுத்தனமாக, ஒரு பாட்டு மரபை உண்டாக்கியிருந்தார்கள். ஐரோப்பிய இலக்கணமே உயர்ந்தது என்று நம்பிய மேசனும் அவரைச் சார்ந்தோரும் அதை நகரத்து சர்ச்சுகளிலிருந்து ஒதுக்கிவிட்டார்கள். அது கிராமங்களில் பிழைத்தது. முக்கோணம், வட்டம், சதுரம், வைரம் என்று சுரங்களுக்கு வடிவம் கொடுத்து அச்சிட்ட ‘சேக்ரட் ஹார்ப்’ புத்தகம் 1844இல் வெளிவந்தது. எங்கிருந்து என்கிறீர்கள்? மேசன் பதினைந்து ஆண்டு வாழ்ந்த அதே ஜார்ஜியாவிலிருந்து! இன்றும் அதை வைத்துக் கூடிப் பாடுகிறார்கள்.

மேசன் 1872இல் நியூ ஜெர்சியில் மறைந்தார். அவர் சேர்த்த அரிய இசை நூல்கள் யேல் பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர்ந்தன.

அதே பாஸ்டனைத் தலைமையிடமாகக் கொண்ட அமெரிக்க மிஷன்தான் 1834இல் மதுரைக்கு வந்தது. அங்கே எட்வர்ட் வெப் என்ற மிஷனரி, மேல்நாட்டு மெட்டில் தமிழைத் திணித்தால் ஒட்டாது என்று உணர்ந்து, தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியாரிடம் போனார். நம் ராகத்திலும் தாளத்திலும் அமைந்த அவர் கீர்த்தனைகள் சேர்ந்த பாட்டுப் புத்தகம் 1853இல் அச்சேறியது. அப்போது சாஸ்திரியாருக்கு வயது எழுபத்தொன்பது.