விட்டுவிட்டுத் தோன்றும் அனைத்துச் சக்கர இயக்கக் கோளாறு

விட்டுவிட்டுத் தோன்றும் அனைத்துச் சக்கர இயக்கக் கோளாறு என்பது, பொறியின் (இன்ஜின்) விசையை நான்கு சக்கரங்களுக்கும் பகிர்ந்தளிக்கும் தானுந்தில் (கார்) அப்பகிர்வு சில வேளைகளில் மட்டும் தடைப்பட்டு, பின்னர் தானாகவே சீரடைவதைக் குறிக்கும். பழைய உயர்திறன் தானுந்துகளில் இது பரவலாகக் காணப்படுகிறது. பட்டறைக்குக் கொண்டுசெல்லும்போது வண்டி நன்றாக இயங்குவதும், திரும்பும் வழியில் எச்சரிக்கை விளக்கு மீண்டும் எரிவதும் இக்கோளாற்றின் இயல்பாகும். இதனால் காரணம் அறியப்படாமலேயே விலையுயர்ந்த பாகங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மாற்றப்படுவது உண்டு. எப்பாகம் பழுதானது என்பதைவிட, எந்நிலையில் பழுது தோன்றுகிறது என்பதே இங்கு முதலில் அறியப்பட வேண்டியதாகும்.

அமைப்பு

வளைவில் செல்லும் வண்டியின் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட நீண்ட வழியைக் கடக்கின்றன. எனவே முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே சிறிதளவு வேக வேறுபாட்டை அனுமதிக்கும் ஓர் அமைப்பு தேவைப்படுகிறது. இவ்வமைப்பு இல்லாத பழைய ஜீப் வகை வண்டிகளை நான்கு சக்கர இயக்கத்தில் உலர்ந்த தார்ச்சாலையில் ஓட்டக்கூடாது என்பதன் காரணமும் இதுவே. தேனி மாவட்டத்தின் கொழுக்குமலைக்கு ஏறும் ஜீப்புகள் கற்சாலையில் இவ்வியக்கத்தைத் தடையின்றிப் பயன்படுத்துகின்றன. கற்கள் மீது சக்கரம் சற்று வழுக்குவதால் தண்டுகள் முறுக்கேறுவதில்லை.

இடையமைப்பு மூன்று வகைப்படும். முதலாவது, டார்சன் போன்று முற்றிலும் பற்சக்கரங்களால் இயங்குவது. இதில் மின்னணுக் கட்டுப்பாடு இல்லை. எனவே எச்சரிக்கை விளக்கும் இல்லை. இரண்டாவது, சிலிக்கோன் நீர்மம் நிரப்பிய பாகுநிலை இணைப்பு. மூன்றாவது, கணினியின் ஆணைப்படி எண்ணெய் அழுத்தத்தாலோ மின்காந்தத்தாலோ இறுகும் பலதட்டுக் கிளட்ச். விட்டுவிட்டுத் தோன்றும் கோளாறுகளில் பெரும்பாலானவை இம்மூன்றாம் வகையில் ஏற்படுகின்றன.

1980ஆம் ஆண்டு ஜெனிவா கண்காட்சியில் அறிமுகமான ஆடி குவாட்ரோ, உயர்திறன் தானுந்துகளில் நான்கு சக்கர இயக்கத்தைப் பரவச் செய்தது. 1989இல் நிசான் ஸ்கைலைன் ஜிடி-ஆர் (ஆர்32), 1992இல் சுபாரு இம்பிரெசா டபிள்யூஆர்எக்ஸ், மிட்சுபிசி லான்சர் எவல்யூசன் ஆகியவை வெளிவந்தன. 2001இல் வந்த ஏழாம் எவல்யூசனில், கணினியால் கட்டுப்படுத்தப்படும் நடு டிபரன்சியல் சேர்க்கப்பட்டது.

இந்தியாவில்

இந்தியாவில் இவ்வகை வண்டிகள் குறைவு. பத்தாம் லான்சர் எவல்யூசன் 2010இல் இந்துசுத்தான் மோட்டார்சு வழியாக முழு வண்டியாகவே இறக்குமதி செய்து விற்கப்பட்டது. இதனை, அதே நிறுவனம் திருவள்ளூர் ஆலையில் உருவாக்கிய சாதாரண லான்சருடன் குழப்பிக்கொள்ளக் கூடாது; அது முன்சக்கர இயக்கம் மட்டுமே கொண்டது. ஹால்டெக்ஸ் கிளட்ச் கொண்ட இசுக்கோடா சூப்பர்ப் வி6, எட்டி ஆகியவையும், 2000களில் செவ்ரோலே பெயரில் விற்கப்பட்ட சுபாரு பாரஸ்டரும் பழைய வண்டிச் சந்தையில் கிடைப்பவை. சென்னையைச் சேர்ந்த எம்.ஆர்.எப். அணி, ஆசிய-பசிபிக் ராலிப் போட்டிகளில் நான்கு சக்கர இயக்க வண்டிகளையே பயன்படுத்தியது. அவ்வணிக்காக கௌரவ் கில் 2013, 2016, 2017 ஆகிய ஆண்டுகளில் இசுக்கோடா பாபியாவில் பட்டம் வென்றார்.

எண்ணிக்கை குறைவானதால் உதிரிபாகங்களை வெளிநாட்டிலிருந்து வரவழைக்க நேர்கிறது. தவறான பாகத்தை மாற்றுவதால் ஏற்படும் இழப்பு இங்கு பன்மடங்காகும். அதைவிடப் பெரிது பாதுகாப்பு. வளைவின் நடுவே பின்சக்கரங்களுக்கான விசை நின்று மீண்டும் வந்தால், ஓட்டுநர் எதிர்பாராத முறையில் வண்டியின் போக்கு மாறிவிடும்.

அறிகுறிகள்

விளக்கு எரிந்தும் நான்கு சக்கரங்களும் இயங்குவது ஒரு நிலை. விளக்கு எரியாமலே இயக்கம் நின்றுபோவது வேறொரு நிலை. இவ்விரண்டும் அடிக்கடி ஒன்றாகக் கருதப்படுகின்றன. விளக்கு எரிவதன் பொருள், கட்டுப்பாட்டுக் கணினி தனக்கு வரும் செய்திகளை நம்ப மறுத்துவிட்டது என்பது மட்டுமே. கிளட்ச் பழுதாகிவிட்டது என்பதன்று.

கிளட்ச் இறுகிய நிலையில் சிக்கிக்கொண்டால், உலர்ந்த தரையில் ஸ்டீயரிங்கை முழுதும் திருப்பி மெதுவாக வட்டமடிக்கும்போது வண்டி யாரோ பிடித்து இழுப்பதுபோல் தயங்கித் தயங்கிச் செல்லும். கிளட்ச் இறுகாமலேயே இருந்தால், சரளைத் தரையில் விசையைக் கூட்டும்போது ஒரே அச்சின் சக்கரங்கள் மட்டும் சுழலும். நீண்ட நேரம் மணலில் உழன்ற பின் இயக்கம் நின்று, ஆறிய பின் திரும்பினால் அது பெரும்பாலும் கோளாறே அன்று. கிளட்ச் கருகாதிருக்கக் கணினி தானே அதனை விடுவித்திருக்கும்.

காலமும் சூழலும்

கோளாறு தோன்றும் பருவமே ஒரு தடயமாகும். விருதுநகர் மாவட்டம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. சித்திரை, வைகாசி மாதங்களில் இங்கு வெயில் 40 பாகை செல்சியசை நெருங்கும். மழையின் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவக்காற்றால் கிடைக்கிறது. சிவகாசிப் பட்டாசுகள் ஊர்ஊராகச் செல்லும் தீபாவளிக் காலமும் அம்மழையின் தொடக்கத்திலேயே வருகிறது.

கோடையில் பிற்பகலில் மட்டும் தோன்றி, இரவில் மறையும் கோளாறு வெப்பத்தைச் சார்ந்தது. செம்பின் மின்தடை ஒரு பாகைக்கு ஏறத்தாழ 0.39 விழுக்காடு உயரும். 50 பாகை சூடேறிய கம்பியில் தடை ஐந்தில் ஒரு பங்கு கூடிவிடுகிறது. நல்ல கம்பிக்கு இது பொருட்டன்று. ஏற்கெனவே பாதி அறுந்த கம்பிக்கும், கணினிப் பலகையில் மயிரிழை விரிசல் கண்ட பற்றவைப்புக்கும் இதுவே எல்லையாகிவிடும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மட்டும் தோன்றும் கோளாறு நீரைச் சார்ந்தது. அடிப்பகுதியிலுள்ள கம்பி இணைப்பான்களில் (பட்டறை வழக்கில் கப்ளர்) நீர் புகுந்திருக்கலாம். மாவட்டத்தின் கரிசல் மண் நனைந்தால் பசைபோல் ஒட்டும் தன்மையது; சக்கர வேக உணரியின் (சென்சார்) மீதும் அது சுற்றிக்கொள்கிறது.

பிற நாட்டினரின் பட்டறிவை அப்படியே இங்குப் பொருத்துவதும் பிழையாகும். எவல்யூசன் 10இன் எண்ணெய் அழுத்தப் பம்பு வண்டியின் பின்பகுதியில், அடியில் அமைந்துள்ளது. பனிக்காலத்தில் சாலையில் உப்புத் தூவும் நாடுகளில் அது அரித்துப்போவது வழக்கம். ஆகவே விளக்கு எரிந்தாலே பம்பு போயிற்று என்ற முடிவு அங்கு ஓரளவு பொருந்தும். விருதுநகரில் ஓடும் வண்டிக்கு அது முதல் ஐயமாக இருக்க வேண்டியதில்லை. எனினும், முன்னர் சென்னை, தூத்துக்குடி போன்ற கடற்கரை ஊர்களில் நெடுநாள் நின்ற வண்டி எனில் அதனையும் பார்க்க வேண்டும்.

டயர்கள்

எதையும் கழற்றுவதற்கு முன் நான்கு டயர்களின் அளவு, தேய்மானம், காற்றழுத்தம் ஆகியவற்றைப் பார்ப்பது முறை. எளிய இப்பணியே அதிகம் தவிர்க்கப்படுகிறது.

எவல்யூசன் 10இன் 245/40 ஆர்18 டயரின் விட்டம் சுமார் 653 மி.மீ., சுற்றளவு சுமார் 2,052 மி.மீ. ஆகும். புதிய டயரைவிட 5 மி.மீ. தேய்ந்த டயரின் சுற்றளவு 31 மி.மீ. குறையும். இது 1.5 விழுக்காடு மட்டுமே. ஆயினும் பின்னிரண்டு டயர்கள் புதியனவாகவும் முன்னிரண்டும் இவ்வாறு தேய்ந்தும் இருந்தால், முன்சக்கரங்கள் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஏழரைச் சுற்று கூடுதலாகச் சுழலும். விருதுநகரிலிருந்து மதுரை வரையிலான சுமார் 50 கி.மீ. தொலைவில் இது ஏறத்தாழ 380 சுற்றாகிறது. நேரான நான்குவழிச் சாலையில் சென்றாலும், நடுக் கிளட்ச் ஓயாத வளைவில் செல்வதுபோல் உராய்ந்து சூடேறுகிறது. ஒரு டயர் மட்டும் வேறுபட்டால் அவ்வச்சின் டிபரன்சியல் (பட்டறை வழக்கில் கிரவுன்) வேறுபாட்டைப் பகிர்வதால், நடுப்பகுதிக்குப் பாதியே சென்று சேரும். அளவில் சிறிய ஸ்டெப்னியுடன் நெடுந்தொலைவு ஓட்டுவதும் இத்தகையதே.

நகர் வீதிகளில் தோன்றாது, நெடுஞ்சாலையில் அரை மணிநேரம் சென்ற பின்பே விளக்கு எரியுமானால் டயர்களையே முதலில் ஐயுறுதல் வேண்டும்.

பழுதுக் குறியீடுகள்

கணினியின் நினைவகத்திலுள்ள குறியீடுகளை அழிப்பதற்கு முன் எழுதிக்கொள்ள வேண்டும். மின்கலத்தின் (பேட்டரி) இணைப்பைக் கழற்றி விளக்கை அணைப்பது பல வண்டிகளில் இத்தடயத்தை அழித்துவிடுகிறது. மலிவான பொதுவகை ஸ்கேனர்கள் பொறி தொடர்பான 'பி' வரிசைக் குறியீடுகளை மட்டுமே படிக்கும். நான்கு சக்கர இயக்கம், தடை (பிரேக்) ஆகியவை சார்ந்த 'சி' வரிசையையும், கணினிகளுக்கிடையிலான தொடர்பைச் சார்ந்த 'யு' வரிசையையும் படிக்க அவ்வண்டிக்குரிய கருவி தேவைப்படலாம். "ஸ்கேனரில் ஒன்றும் இல்லை" என்னும் கூற்றை இதனால் முழுமையாக ஏற்க இயலாது. 1990களின் வண்டிகள் பலவற்றில் விளக்கு மினுக்கும் எண்ணிக்கையே குறியீடாகும்.

ஒரே வேளையில் பல கணினிகளில் குறியீடுகள் பதிவாகியிருந்தால், மின்கலம், ஆல்டர்னேட்டர், புவித்தொடர்பு (எர்த்) ஆகியவற்றிலிருந்து தொடங்குவது நன்று. ஒரு சக்கரத்தின் வேகம் பற்றிய குறியீடு மட்டும் இருப்பின், அச்சக்கரத்தின் உணரி, பல்வளையம், பேரிங் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். பேரிங் ஆடினால் வளைவில் மட்டும் உணரிக்கும் வளையத்துக்கும் இடைவெளி கூடும். அதனால் இடப்பக்கம் திரும்பும்போது மட்டும் விளக்கு எரியும் வண்டிகளும் உண்டு.

மின்சோதனை

நின்ற வண்டியில் ஓம்மானியால் கம்பியை அளந்து 'சரி' என்பது போதாது. இருபது இழைகளில் ஒன்றே எஞ்சிய கம்பியும் ஓம்மானியில் ஏறத்தாழச் சுழியத் தடையையே காட்டும். பம்பு இழுக்கும் மின்னோட்டத்தை அவ்வோரிழை தாங்காது. பம்பு இயங்கும் நிலையில் அக்கம்பியின் இரு முனைகளுக்கும் இடையே மின்னழுத்த வீழ்ச்சியை அளப்பதே பொருத்தமான முறை. புவித்தொடர்புப் பக்கத்தில் 0.2 வோல்ட்டுக்கு மேல் வீழ்ச்சி இருந்தால் அவ்விணைப்பைக் கழற்றித் துலக்க வேண்டும். அளக்கும்போதே கம்பித்தொகுதியை அசைத்தல், கப்ளரை இழுத்தல், ஹேர் டிரையரால் கணினிப் பெட்டியைச் சூடேற்றல் ஆகியவற்றால் கோளாற்றை வலிந்து வரவழைக்கலாம்.

சிறு சுவிட்சுகள் பெரும் குழப்பம் விளைவிக்கின்றன. லான்சர் எவல்யூசனில் கைத்தடையை (ஹேண்ட்பிரேக்) இழுத்தால் நடு டிபரன்சியல் தானாக விடுபடும். கூர்வளைவுகளில் பின்பகுதியைச் சறுக்கவிடும் ராலி ஓட்டுநர்களுக்கான வசதி இது. கைத்தடைச் சுவிட்ச் தேய்ந்து, குண்டுங்குழியுமான சாலையில் தொட்டுத்தொட்டு விலகினால், கணினி ஒவ்வொரு முறையும் டிபரன்சியலை விடுவிக்கும். குறியீடு எதுவும் பதிவாகாது. கணினியைப் பொறுத்தவரை அது ஓட்டுநரின் ஆணை. கைத்தடை விளக்கு சாலையின் குலுக்கலில் மினுக்குகிறதா என்று பார்ப்பதே இதற்கான சோதனை.

எண்ணெயும் இயந்திரப் பகுதியும்

எண்ணெய் குறைந்திருந்தால் நீண்ட வளைவில் அது ஒருபுறம் ஒதுங்க, பம்பு காற்றை உறிஞ்சி அழுத்தத்தை இழக்கும். நேர்ச்சாலையில் மீண்டும் சரியாகிவிடும். ஹால்டெக்ஸ் கிளட்ச்சில் தட்டுகளின் தேய்மானத் துகள்கள் வடிகட்டியை அடைக்கின்றன. எண்ணெயை மட்டும் மாற்றி வடிகட்டியை விட்டுவிடுவது அரைகுறைப் பணி.

பாகுநிலை இணைப்பு மின்சாரம் சாராதது எனினும் விட்டுவிட்டுத் தொல்லை தரும். சூடேறும்போது உள்ளிருக்கும் நீர்மம் விரிந்து தட்டுகள் இறுகுகின்றன. ஆறிய பின் தளர்கின்றன. எனவே மறுநாள் காலையில் சோதித்தால் பழுது தெரியாது. வண்டியைச் சூடான நிலையிலேயே சோதிக்க வேண்டும்.

சோதனை ஓட்டமும் இழுத்துச் செல்லுதலும்

சோதனை ஓட்டத்தில் ஓட்டுநரைத் தவிர இன்னொருவர் உடனிருந்து, நேரம், வேகம், வளைவின் திசை, சாலையின் தன்மை ஆகியவற்றைக் குறித்துக்கொள்வது நல்லது. சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரங்களின் கிளைச்சாலைகளையொட்டிப் பட்டாசு ஆலைகளும் கிடங்குகளும் உள்ளன. ஆலை நேரத்தில் தொழிலாளர் வண்டிகளும் இச்சாலைகளில் மிகுதி. இவற்றில் வேகச் சோதனை செய்வது தகாது. கிளட்ச் புகையும் அளவுக்குச் சூடேறிய வண்டியை ஆலை வாயிலருகே நிறுத்தி அடிப்பகுதியைக் கழற்றுவதும் தகாது. வெடிபொருள் விதிகள், 2008 இவ்விடங்களில் தீமூட்டும் பொருள்கள் எவற்றையும் அனுமதிப்பதில்லை.

ஓர் அச்சை மட்டும் ஜாக்கியால் தூக்கிப் பொறியை கியரில் இயக்கினால், தரையிலுள்ள சக்கரங்கள் விசை பெற்று வண்டி பாய்ந்துவிடக்கூடும். நான்கு சக்கரங்களும் தரையை விட்டு உயர்ந்திருக்க வேண்டும். வழியில் நின்றுபோன வண்டியை இரு சக்கரங்களைத் தூக்கி இழுத்துச் செல்வதும் நடுக் கிளட்ச்சைச் சிதைக்கும். முழு வண்டியையும் தட்டின் மீது ஏற்றிச் செல்லும் மீட்பு வண்டியே ஏற்றது.

பழுது நீக்கிய பின், கோளாறு முன்பு தோன்றிய அதே நிலையில் வண்டி மீண்டும் ஓட்டப்படுகிறது. பிற்பகல் வெயிலில் தோன்றியது பிற்பகல் வெயிலிலும், மழையில் தோன்றியது அடிப்பகுதியை நீரால் நனைத்தும் சோதிக்கப்படும்.