எழுத்தும் ரணமும்

வைத்தியப் புஸ்தகங்கள் 'அழற்சி' என்று எழுதுவதை எங்கள் கரிசல் பக்கத்தில் 'காந்தல்' என்பார்கள். கருவேல முள் தைத்த இடம் காந்தும். மிளகாய் கிள்ளிய விரல் காந்தும். ரோமாபுரியில் இரண்டாயிரம் வருஷங்களுக்கு முன் செல்ஸஸ் என்ற நூலாசிரியன் இதற்கு நான்கு அடையாளங்கள் எழுதிவைத்தான்: சிவப்பு, வீக்கம், சூடு, வலி. உடம்பு தன்னைக் காத்துக்கொள்ள மூட்டும் நெருப்பு இது. வேலை முடிந்ததும் அணைந்துவிட வேண்டும். அணையாமல் கனன்றுகொண்டே இருந்தால் அடுப்பு வீட்டையே எரித்துவிடும்.

ஒருவன் பள்ளிக்கூடத்தில் இருந்த வருஷங்களுக்கும் அவன் உடம்பில் இருக்கும் காந்தலுக்கும் சம்பந்தம் உண்டு என்று இன்றைய ஆராய்ச்சிக்காரர்கள் சொல்கிறார்கள். கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரலாம். அரிச்சுவடிக்கும் ரத்தத்துக்கும் என்ன உறவு? கல்லூரியில் இரண்டு வருஷத்துக்கு மேல் தங்காதவன் நான். விஞ்ஞானத் தர்க்கத்தில் புகுந்து விளையாட எனக்குத் தகுதியில்லை. ஆனால் அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் இடையில் கிடக்கிற வறண்ட பூமியின் சரித்திரத்தைக் கொஞ்சம் அறிந்தவன் என்ற முறையில், இந்தச் சம்பந்தம் எனக்கு விசித்திரமாகத் தோன்றவில்லை. அந்தப் பூமியில் அது கண்ணுக்குத் தெரியும்படியே இருந்தது, காலில் இருந்தது.

நரம்புச் சிலந்தி என்ற பெயரை இன்று முப்பது வயதுக்குக் குறைந்தவர்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். பழைய இராமநாதபுரம் ஜில்லாவில் குடிதண்ணீர் என்றால் ஊருணி, கண்மாய், படி இறங்கிப் போகும் கிணறு. குண்டாறு மழைக்காலத்தில் சில நாள் ஓடும்; மற்ற நாளெல்லாம் மணல். இடுப்பில் குடத்தோடு படியில் இறங்கி, முழங்கால் நனைய நின்று மொள்ளுவார்கள். அந்தத் தண்ணீரில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாததுமான ஒரு பூச்சி உண்டு. சைக்ளாப்ஸ் என்று பெயர். அதன் வயிற்றில் இந்தப் புழுவின் குஞ்சு இருக்கும். தண்ணீரோடு உள்ளே போன குஞ்சு ஒரு வருஷம் உடம்புக்குள் வளரும். கிட்டத்தட்ட ஒரு மீட்டர் நீளம் வளர்ந்த பெண் புழு, பெரும்பாலும் கணுக்கால் பக்கமாகக் கொப்புளம் உண்டாக்கி வெளியே தலை நீட்டும். எரிச்சல் தாங்காமல் மனுஷன் காலைத் தண்ணீரில் வைப்பான். வைத்த மாத்திரத்தில் புழு ஆயிரக்கணக்கான குஞ்சுகளைத் தண்ணீரில் விடும். அதே தண்ணீரை மறுநாள் ஊர் குடிக்கும். இந்தச் சக்கரத்தை 1870-ஆம் வருஷ வாக்கில் பெட்செங்கோ என்ற ருஷிய விஞ்ஞானி மத்திய ஆசியாவில் கண்டுபிடித்தார்.

திருச்சுழிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் எனக்குச் சின்னம்மா முறையுள்ள ஒரு மூதாட்டி இருக்கிறாள். அவள் கணுக்காலில் நாணயம் அளவுக்கு ஒரு தழும்பு. புழுவின் தலையை ஒரு குச்சியில் சுற்றி, தினம் ஒரு விரற்கடை வீதம் இழுக்க வேண்டுமாம். அவசரப்பட்டு இழுத்து அறுந்துவிட்டால் கால் முழுவதும் வீங்கிச் சீழ் வைத்துவிடும். அவளுக்கு அறுந்துவிட்டது.

"நீங்க பள்ளிக்கூடம் போனதே இல்லையா, சின்னம்மா?" என்று கேட்டேன்.

"போனேனய்யா, ரெண்டு வருசம். சிலந்தி வந்து மூணு மாசம் படுத்துட்டேன். எந்திரிச்சா, களையெடுக்க ஆளில்லன்னு எங்கய்யா காட்டுக்குக் கூட்டிட்டுப் போயிட்டாரு. அதோட சரி."

இந்தப் பதிலில் ஒரு சரித்திரமே இருக்கிறது. எழுத்தறிவு இல்லாததால் நோய் வந்தது என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். நோய் வந்ததால் எழுத்தறிவு போனது என்பதும் அதே அளவுக்கு உண்மை. ஆப்பிரிக்காவிலும் இந்தப் புழு குழந்தைகளை மாதக்கணக்கில் பள்ளிக்கூடம் போகவிடாமல் கட்டிப்போட்டது என்று சுகாதாரக் குறிப்புகள் சொல்கின்றன.

இந்த நோய்க்கு மருந்து கிடையாது, தடுப்பூசி கிடையாது, இன்றைக்கும் கிடையாது. இருந்த மருந்தெல்லாம் ஒரு செய்திதான்: தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் குடி, புழு உள்ள காலோடு கிணற்றில் இறங்காதே. அருப்புக்கோட்டை தறிச் சத்தம் ஓயாத ஊர். ஊருக்கெல்லாம் சேலை நெய்த ஜனங்களின் கையில் வடிகட்டும் துணிக்குப் பஞ்சமில்லை. செய்திக்குத்தான் பஞ்சம். தேசம் முழுவதற்குமான ஒழிப்புத் திட்டம் 1983-84-ல் தொடங்கிற்று. 1984-ல் இந்தியாவில் சுமார் 40,000 பேருக்கு இந்த நோய் இருந்தது. தமிழ்நாடு எல்லாருக்கும் முன்னால் விடுபட்டது. கடைசி நோயாளி 1996-ல் ராஜஸ்தானத்தில் கண்டுபிடிக்கப்பட்டார். 2000-ல் உலக சுகாதார ஸ்தாபனம் இந்தியாவுக்குச் சான்றிதழ் கொடுத்தது. கைப்பம்பு போட்டார்கள், படிக்கிணறுகளை அடைத்தார்கள், வீடு வீடாகப் போய்ச் சொன்னார்கள். ஊசி மருந்தின் உதவியில்லாமல், அறிவைக் கொண்டே அணைக்கப்பட்ட காந்தல் அது.

இதோடு சேர்த்து இன்னொரு சரித்திரத்தையும் சொல்ல வேண்டும். இதே சீமையைச் சேர்ந்த விருதுநகரில் பிடி அரிசி சேர்த்து ஜனங்கள் நடத்திய பள்ளிக்கூடத்தில் படித்து, ஆறாம் வகுப்போடு நிறுத்திய ஒரு பையன் 1954-ல் முதன் மந்திரியானார். காமராஜர் 1956-ல், அருப்புக்கோட்டைக்குத் தெற்கே உள்ள எட்டயபுரத்தில், பள்ளிக்கூடத்தில் மதியச் சோறு போடும் காரியத்தைத் தொடங்கினார். 1977-ல் அருப்புக்கோட்டைத் தொகுதியில் ஜெயித்து முதன் மந்திரியான எம்.ஜி.ஆரும் வறுமையால் சிறு பிராயத்திலேயே படிப்பை விட்டு நாடகக் கம்பெனிக்குப் போனவர். அவர் 1982-ல் அந்தச் சோற்றைச் சத்துணவாக விரிவாக்கினார். படிப்பை இழந்த இருவர்தான் படிப்புக்கும் வயிற்றுக்கும் உள்ள உறவைச் சர்க்கார் உத்தரவாக ஆக்கினார்கள். படித்தவர்களுக்கு அது தோன்றாமல் போனதில் ஆச்சரியமில்லை. பசியோடு பாடம் கேட்டவர்கள் அவர்களில் குறைவு.

இனி கண்ணுக்குத் தெரியாத காந்தலுக்கு வருகிறேன். 1930-ல் அமெரிக்காவில் ராக்பெல்லர் ஆராய்ச்சிசாலையில் டில்லெட், பிரான்ஸிஸ் என்ற இருவர், நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தில் ஒரு புதுப் பொருளைக் கண்டார்கள். ஸி-ரியாக்டிவ் புரோட்டீன் என்று பெயர். உடம்பில் எங்காவது அழற்சி இருந்தால் ஈரல் இதைச் சுரக்கிறது. காய்ச்சலோ புண்ணோ இல்லாதவர்களிடமும் இது கொஞ்சம் கூடுதலாகவே இருப்பதுண்டு என்பது பிற்பாடு தெரிந்தது. லிட்டருக்கு ஒரு மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் இருதயத்துக்கு அபாயம் குறைவு. மூன்றுக்கு மேலே இருந்துகொண்டே இருந்தால் அபாயம் அதிகம் என்று இன்று டாக்டர்கள் கணக்குச் சொல்கிறார்கள்.

லண்டனில் சர்க்கார் உத்தியோகஸ்தர்களை 1967 முதல் ஆராய்ந்தார்கள். அவர்களில் பட்டினி கிடந்தவர் யாருமில்லை. ஆனாலும் அடிமட்டச் சிப்பந்திகள் இருதய நோயால் இறந்தது, மேல்மட்ட அதிகாரிகளைப் போல் மும்மடங்குக்கும் மேல். புகை பிடித்தல், ரத்த அழுத்தம் ஆகியவற்றைக் கழித்த பின்பும் பெரும் பகுதி வித்தியாசம் அப்படியே நின்றது. 1985-ல் பத்தாயிரம் பேருக்கு மேல் சேர்த்து இரண்டாவது ஆராய்ச்சி தொடங்கினார்கள். ரத்தத்தைச் சோதித்தபோது, பதவி இறங்க இறங்க அழற்சியின் அடையாளம் ஏறியிருந்தது. படிப்பு வருஷங்களை வைத்துப் பார்த்த வேறு ஆராய்ச்சிகளும் மேல்நாடுகளில் இதே படிக்கட்டைத்தான் காட்டின.

பள்ளிக்கூடம் எந்த வழியாக ரத்தத்துக்குள் நுழைகிறது? மந்திரம் ஒன்றுமில்லை. படிக்காதவனுக்குக் கிடைக்கும் வேலையில் தூசியும் புகையும் அதிகம். பீடி அவன் பசியை மறக்க உதவுகிறது. ஈறு வீங்கினால் பல் வைத்தியரிடம் போகாமல் புகையிலையை அடக்கிக்கொள்கிறான். நாளைக்கு வேலை உண்டா என்ற கவலை இரவில் தூங்கவிடுவதில்லை. நாட்கணக்கில் நீடிக்கும் கவலையும் உடம்பின் நெருப்பை அணையவிடாது என்று தெரிந்திருக்கிறது. சிறு வயதில் வந்து வந்து போன தொற்றுக்களும் கணக்கில் சேருகின்றன. எழுத்து இவை ஒவ்வொன்றிலும் ஒரு சின்ன மறிப்பாக நிற்கிறது.

ஆனால் படிப்பை ஒரேயடியாகச் சர்வரோக நிவாரணியாக ஆக்கிவிடவும் கூடாது. இங்கிலாந்து 1947-ல் கட்டாயப் படிப்பைப் பதினாலு வயதிலிருந்து பதினைந்துக்கு உயர்த்திற்று. அந்த ஒரு வருஷத்தால் ஆயுள் கூடியதா என்று பிற்காலத்தில் கணக்குப் பார்த்தார்கள். குறிப்பிடும்படி ஒன்றும் கூடவில்லை. ஏற்கெனவே எழுதப் படிக்கத் தெரிந்தவனுக்கு இன்னொரு வருஷம் என்பது வேறு. ஒன்றுமே தெரியாதவளுக்கு முதல் ஐந்து வருஷம் என்பது வேறு. கால்டுவெல் என்ற ஆஸ்திரேலிய அறிஞர் 1979-ல் நைஜீரியாவைப் பற்றி எழுதியபோது, தாய் படித்திருந்தால் குழந்தை பிழைக்கிறது என்பதைக் காட்டினார். படித்த தாய் நோயைச் சீக்கிரம் கண்டுகொள்கிறாள். ஆஸ்பத்திரியில் பயப்படாமல் கேட்கிறாள்.

இந்தியாவும் சேர்ந்த ஒரு பெரிய ஆராய்ச்சி 2019-ல் வெளியாயிற்று. ஏழை நாடுகளில் படிப்புக் குறைந்தவர்களிடம் கொழுப்பு, பருமன் போன்ற அபாயங்கள் மொத்தத்தில் குறைவாகவே இருந்தன. ஆனால் மாரடைப்பாலும் பக்கவாதத்தாலும் அதிகமாகச் சாகிறவர்கள் அவர்கள்தாம். காரணம், வைத்தியம் அவர்களைச் சென்று சேரவில்லை. இதைப் படித்தபோது எனக்கு நெஞ்சை அடைத்தது. உழைத்து உழைத்து உடம்பை ஒழுங்காக வைத்திருந்தவனுக்கு, அந்த ஒழுங்கின் பலன்கூடக் கைக்கு எட்டவில்லை.

பழைய இராமநாதபுரம் ஜில்லா 1985-ல் மூன்றாகப் பிரிந்தது. அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் விருதுநகரோடு சேர்ந்தன. விருதுநகர் ஜில்லா பிளஸ் டூ தேர்ச்சியில் பல வருஷங்கள் தொடர்ந்து மாகாணத்துக்கே முதலாவதாக வந்தது. அதே ஜில்லாவை 2018-ல் மத்திய சர்க்கார், முன்னேற வேண்டிய ஜில்லாக்களின் ஜாபிதாவில் சேர்த்தது. தமிழ்நாட்டில் அந்த ஜாபிதாவில் இடம்பெற்ற மற்றொன்று இராமநாதபுரம். பரீட்சையில் முதலாவதும் வாழ்க்கையில் பின்வரிசையும் ஒரே ஊருக்கு எப்படிக் கிடைத்தன? பரீட்சை எழுதியவர்கள் பேரன் பேத்திகள். அவர்களுடைய பாட்டிமார் தறிக்குழிக்குப் பக்கத்தில் தார் சுற்றிக்கொண்டிருந்தார்கள். விடியுமுன் வேன் ஏறித் தீப்பெட்டி ஒட்டப் போனார்கள். வேலிக்கருவேல மூட்டத்தில் கரி சுட்டுப் புகை குடித்தார்கள். அவர்கள் பெற்றுத் தந்த ஊரின் பெருமையில் அவர்களுடைய மூட்டுக்கும் நெஞ்சுக்கும் பங்கு வரவில்லை.

2021 முதல் தமிழ்நாட்டில் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். நல்ல காரியம். ஆனால் அந்த வாசலில் உட்கார்ந்திருக்கும் கிழவி மாத்திரையை நிறத்தால்தான் அடையாளம் வைத்திருக்கிறாள். வெள்ளை காலையில், மஞ்சள் ராத்திரியில். எந்தக் காரணத்தாலோ நிறம் மாறிவிட்டால், இது வேறு யாருடையதோ என்று அடுக்குப்பானைக்குள் வைத்துவிடுவாள். சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசித்துச் சொல்ல ஐந்து நிமிஷம் போதும். நரம்புச் சிலந்தியை ஒழித்த நாட்களில் வீடு வீடாகப் போய், ஒரே செய்தியை அலுக்காமல் நூறு தடவை சொன்னவர்கள் இருந்தார்கள். மாத்திரைப் பையோடு அந்த ஐந்து நிமிஷமும் சேர்ந்து வந்தால், அறுபது வருஷத்துக்கு முன் அவளிடமிருந்து பறிபோன பள்ளிக்கூடத்தில் ஒரு பாடமாவது அவளுக்குத் திரும்பக் கிடைக்கும்.