48 சென்ட் நிலமும் மகளின் பங்கும்



சென்ற பொதுக்குழுக் கூட்டத்தில், உரிமையாளர் பெயரை மாற்றுவது எப்படி என்று மூன்று பேர் கேட்டார்கள். மூன்றிலும் விஷயம் ஒன்றுதான். அப்பா காலமாகிவிட்டார், வீடு இப்போது யாருடையது? சங்கம் பதில் சொல்லக்கூடிய கேள்வி அல்ல இது. ஆனால் நூறு ஆண்டுகளில் இதற்கான பதில் எத்தனை முறை மாறியிருக்கிறது என்று தெரிந்துகொள்வது நமக்கு நல்லது. இந்து குடும்பங்களுக்கான சட்டத்தை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். இஸ்லாமிய, கிறிஸ்தவக் குடும்பங்களுக்கான சட்டங்களின் கதை வேறு. அதை இன்னொரு இதழில் பார்க்கலாம்.

ஒரு கணக்குப் போடுவோம். ஊரில் 48 சென்ட் பூர்வீக நிலம். அப்பா, அம்மா, இரண்டு மகன்கள், ஒரு மகள். அப்பா உயில் எழுதாமல் இறந்துவிடுகிறார்.

1937-க்கு முன்பு என்றால் மகன்களுக்கு ஆளுக்கு 24 சென்ட். அம்மாவுக்கு ஜீவனாம்சம். மகளுக்குக் கல்யாணச் செலவும் சீதனமும். நிலத்தில் எதுவும் இல்லை. சுமார் 900 ஆண்டுகளுக்கு முன் கல்யாணிச் சாளுக்கியர் அவையில் இருந்த விஞ்ஞானேஸ்வரர் எழுதிய மிதாட்சரம் என்ற உரைதான் இதற்கு அடிப்படை. ஆண் குழந்தை பிறந்த நாளிலேயே அவனுக்குக் குடும்பச் சொத்தில் பங்கு உண்டு. ஒருவர் இறந்தால் அவர் பங்கு மீதமுள்ள ஆண்களுக்குப் போகும். ஒரே அடுப்பு, ஒரே களஞ்சியம், ஒரு கர்த்தா என்று இருந்த வீட்டுக்கான சட்டம் அது.

முதலில் மாறியது வீடுதான். பிள்ளைகள் படித்து, வக்கீலாகவும் குமாஸ்தாவாகவும் பட்டணத்துக்கு வந்தார்கள். குடும்பப் பணத்தில் படித்தவன் சம்பாதிப்பது அவனுக்கா, குடும்பத்துக்கா என்று வழக்குகள் வந்தன. படித்துச் சம்பாதித்தது படித்தவனுக்கே என்று 1930-இல் தனிச் சட்டம் போட வேண்டியிருந்தது. இன்று நாம் சர்வசாதாரணமாகச் சொல்லும் ‘என் சம்பளம்’ என்பதற்குப் பின்னாலும் ஒரு சட்டம் இருக்கிறது.

பெண்களின் முறை மெதுவாக வந்தது. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாடு, சொத்தில் பெண்களுக்குச் சம உரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டது. 1937-இல் வந்த சட்டம், கணவரின் பங்கை விதவைக்குக் கொடுத்தது. ஆனால் அவர் ஆயுள் வரை அனுபவிக்கலாம். இஷ்டப்படி விற்க முடியாது. மகளுக்கு அப்போதும் ஒன்றுமில்லை.

1956-இல் வந்தது இந்து வாரிசுரிமைச் சட்டம். இப்போது நம் 48 சென்டைப் பாருங்கள். முதலில் அப்பாவுக்கும் இரண்டு மகன்களுக்கும் ஆளுக்கு 16 சென்ட் என்று பிரித்ததாக வைத்துக்கொள்வார்கள். பிறகு அப்பாவின் 16 சென்டை மனைவி, இரண்டு மகன்கள், மகள் என்று நால்வருக்கும் சமமாகப் பிரிப்பார்கள். மகன்களுக்கு ஆளுக்கு 20, அம்மாவுக்கு 4, மகளுக்கு 4. அம்மாவின் 4 சென்ட் இனி முழு உரிமை. ஆனால் குடும்பம் குடியிருக்கும் வீட்டை, ஆண் வாரிசுகள் பிரித்துக்கொள்ள முன்வரும் வரை, பிரிக்கச் சொல்லி மகள் கேட்க முடியாது.

தமிழ்நாடு அடுத்த அடியை எடுத்தது. 25.3.1989 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தால், மகளும் மகனைப் போலவே பிறப்பால் பங்குதாரர் ஆனார். ஆந்திரம் இதைச் சற்று முன்னதாகவே செய்திருந்தது. ஆனால் அந்தத் தேதிக்கு முன் திருமணமான மகள்களுக்கு இது கிடையாது. 1987-இல் கல்யாணமான அக்காவுக்கு இல்லை. 1990-இல் கல்யாணமான தங்கைக்கு உண்டு. ஒரே வீட்டில் பிறந்த இருவருக்கு நடுவே முகூர்த்தத் தேதி கோடு போட்டது.

அந்தக் கோட்டை அழித்தது 9.9.2005 அன்று நடைமுறைக்கு வந்த மத்தியத் திருத்தம். திருமணமானவரா இல்லையா என்ற பேச்சே கிடையாது. குடியிருக்கும் வீட்டைப் பற்றிய தடையும் நீங்கியது. அந்த நாளில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்ற குழப்பத்தை 2020 ஆகஸ்டில் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்த்தது: தேவையில்லை. இந்தக் கணக்கில் பிள்ளைகள் மூவருக்கும் ஆளுக்கு 15 சென்ட், அம்மாவுக்கு 3. ஆனால் 20.12.2004-க்கு முன் பதிவு செய்து முடிந்த பாகப்பிரிவினையை இது தொடாது.

48 சென்ட் என்பது நான் கற்பனையாக எடுத்த எண் அல்ல. என் தாத்தாவின் நிலம் அது. அவர் 1968-இல் இறந்தபோது அத்தைக்கும் பாட்டிக்கும் ஆளுக்கு 4 சென்ட் சேர வேண்டியிருந்தது. இருவரும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார்கள். அத்தைக்கு ஒரு பட்டுப்புடவையும், வருடா வருடம் பொங்கல் சீரும். அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் ஆளுக்கு 24 சென்ட். அப்பாவின் பங்கை விற்றுத்தான் இங்கே நாங்கள் வீடு வாங்கினோம். அந்த 24-இல் அத்தையின் 2 சென்டும் பாட்டியின் 2 சென்டும் இருக்கின்றன. பத்திரம் சரியாகப் பதிவானது. சட்டப்படி அதில் குறை எதுவும் இல்லை.

அத்தை இப்போது இல்லை. போன வருடம் அவர் மகளிடம் இந்தக் கணக்கைச் சொன்னேன். “அம்மாவுக்குத் தெரியும் அத்தான். தம்பிங்க வீட்டு வாசல் மூடிடக் கூடாதுன்னுதான் கையெழுத்துப் போட்டாங்க” என்றாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. சீர் கொடுப்பது அப்பாவோடு நின்றுபோயிருந்தது.

இனி நம் அடுக்ககத்துக்கு வருவோம். இங்கே பல வீடுகள் சம்பளத்திலும் வங்கிக் கடனிலும் வாங்கிய சுயசம்பாத்தியம். ஒருவர் உயில் இல்லாமல் இறந்தால், அது மனைவி, மகன், மகள், அவருடைய தாய் எல்லோருக்கும் சமமாகப் போகும். தாயைப் பலர் மறந்துவிடுகிறார்கள். இரண்டு பிள்ளைகள் இருந்து, தாய் முன்பே காலமாகியிருந்தால், முப்பது வருடம் அந்த வீட்டில் வாழ்ந்த மனைவிக்கு மூன்றில் ஒரு பங்குதான். அவர் வீட்டை விற்க வேண்டுமென்றால், ஒருவர் பெங்களூரிலும் இன்னொருவர் வெளிநாட்டிலும் இருக்கும் பிள்ளைகளின் கையெழுத்தும் வேண்டும்.

கூட்டுக் குடும்பத்துக்கான சட்டம் மாற நூறு ஆண்டுகள் ஆயின. உங்கள் வீட்டுக்கு ஏற்ற ஏற்பாட்டை நீங்களே ஒரு உயிலில் செய்துவிடலாம். ஒரு நல்ல வழக்கறிஞரைக் கலந்து எழுதுங்கள். யாரையாவது கையெழுத்துப் போடச் சொல்லும் முன், அவர் விட்டுக்கொடுப்பது எத்தனை சென்ட் என்பதையும் அவரிடம் சொல்லிவிடுங்கள்.